ஷ்மைக்கேலா, வான் டெர் சாரா, டி கியாவா?

கேள்வி: அண்ணே, நாங்க கும்பகோணத்துல ஏழெட்டு பேரு, எல்லாருமே மான்செஸ்டர் யுனைடெட் ஃபுட்பால் கிளப் ரசிகருங்க. மகாமகக் குளத்துக்கிட்ட டீக்கடையில உக்காந்தா ஒரே சண்டை, எங்க கிளப்போட பெஸ்ட் கீப்பர் யாருன்னு. மூத்தவங்க ஷ்மைக்கேல்ங்கிறாங்க, நடுவுல உள்ளவங்க வான் டெர் சார், சின்னப் பசங்க டி கியாவ விட்டுக் கொடுக்கவே மாட்டேங்கிறாங்க. இதுல ரெண்டு பேரு இப்ப பேசிக்கிறதே இல்ல. நீங்களே ஒரு முடிவு சொல்லிடுங்க.
- கும்பகோணம் வாசகர்

பதில்: முதல்ல அந்த ரெண்டு பேரையும் கூப்பிட்டு ஒண்ணா உக்கார வைங்க தம்பி. கீப்பர் சண்டை இல்லாத யுனைடெட் கூட்டமே கிடையாது, தஞ்சாவூர்லயும் இதேதான், மாயவரத்துலயும் இதேதான்.

நீங்க எழுதுனதுலயே பாதி விஷயம் வந்துடுச்சு பாருங்க. அவங்கவங்க மேட்ச் பார்க்க ஆரம்பிச்ச வயசுல யாரு போஸ்ட்டுக்கு நடுவுல நின்னாங்களோ அவருதான் அவங்களுக்கு பெஸ்ட். அது பாசம், அதுல தப்பே இல்ல, ஆனா அத வெச்சு முடிவு பண்ண முடியாது. மொபைல்ல வர்ற சேவ் வீடியோவ வெச்சும் முடிவு பண்ண முடியாது, ஏன்னா ஒரு கீப்பர் நிறைய சேவ் பண்றாருன்னா முன்னாடி தடுத்து ஆடுற பேக்குங்க நிறைய ஷாட் அடிக்க விடுறாங்கன்னு அர்த்தம். நான் கேக்குறது ரெண்டே விஷயம்தான். அந்த ஆளு பின்னாடி நின்னதால முன்னாடி இருந்த பத்து பேரும் என்ன மாறுனாங்க, அந்த ஆளு போனதுக்கு அப்புறம் டீம் என்ன ஆச்சு.

டி கியாவுல இருந்து வருவோம், சின்னப் பசங்க கோவத்துல இருப்பாங்க. 2011ல அட்லெட்டிகோ மாட்ரிட்ல இருந்து வந்தப்போ அவருக்கு 20 வயசு, ஒல்லி. முதல் லீக் மேட்ச்லயே வெஸ்ட் பிராம்விச்ல ஷேன் லாங் அடிச்ச சாதாரண ஷாட் கைக்கு அடியில நழுவிப் போச்சு, இங்கிலாந்துல அவ்வளவு பேரும் இந்தப் பையன் தாங்க மாட்டான்னு சொன்னாங்க. அதுக்கப்புறம் 12 சீசன், 545 மேட்ச், 190 கிளீன் ஷீட் (ஒரு கோல்கூட விடாத மேட்ச்), கிளப் வரலாற்றுலயே வேற யாரும் அத்தனை வெச்சதில்ல. வருஷத்தோட சிறந்த ஆட்டக்காரர்னு கிளப் கொடுக்குற விருது நாலு தடவை அவருக்குத்தான். 2017 டிசம்பர் 2, ஆர்சனல் கிரவுண்டுல 14 சேவ். அதுல ஒண்ணு மட்டும் சொல்றேன், லாகசெட் அடிச்சத கீழ விழுந்து தள்ளி விடுறாரு, பந்து நேரா சான்செஸ் காலுக்குப் போவுது, கோல்னு எல்லாரும் எழுந்துட்டாங்க, விழுந்த ஆளு அந்த நொடியிலயே காலை நீட்டி அதையும் தடுத்துட்டாரு. யுனைடெட் 3-1 ஜெயிச்சுச்சு. மேனேஜர் ஃபெர்குசன் போனதுக்கு அப்புறம் அந்த டீம் ஆடுன ஆட்டத்துக்கு டி கியா மட்டும் இல்லன்னா டேபிள்ல எங்க கெடந்திருக்கும்னு நெனச்சாலே பயமா இருக்கு. ஆனா கோல் லைனை விட்டு வெளிய வந்து கிராஸ் (ஓரத்துல இருந்து தூக்கி அடிக்கிற பந்து) புடிக்கிறது, பேக்க முன்னாடி தள்ளி நிக்க வைக்கிறது, இதுல அவரு பலவீனம்தான். அதனால டீமே பின்னாடி பின்னாடி வந்து நிக்கும், ஷாட் இன்னும் அதிகமா வரும், அவரு இன்னும் சேவ் பண்ணுவாரு. ஒரு லீக் பட்டம்தான் கிடைச்சுது அவருக்கு, 2012-13. அந்த ஆளுக்கு இன்னும் கிடைச்சிருக்கணும், இது என் மனசுல எப்பவும் இருக்கு.

வான் டெர் சார் நேர் எதிர். 2005ல ஃபுல்ஹாம்ல இருந்து வந்தாரு, வயசு 34. அவரோட வீடியோ தேடுனீங்கன்னா பாய்ஞ்சு பாய்ஞ்சு புடிக்கிறது கொஞ்சமாதான் இருக்கும், ஏன்னா அவரு நிக்கிற இடத்துக்கே பந்து வரும். 2008-09 சீசன்ல லீக்ல 1,311 நிமிஷம் அவரைத் தாண்டி ஒரு கோல் போகல. முன்னாடி பேக்ல ரியோ ஃபெர்டினாண்டும் விடிச்சும் இருந்தாங்களேன்னு கேப்பீங்க, சரிதான், ஆனா அவங்க ரெண்டு பேரும் அவ்வளவு தைரியமா ஏறி நின்னதுக்கு காரணமே பின்னாடி இருந்த மனுஷன்தான், எப்ப திருப்பிக் கொடுத்தாலும் ரெண்டு கால்லயும் பதறாம பாஸ் போடுவாரு. செல்சியோட ஆடுன மாஸ்கோ சாம்பியன்ஸ் லீக் ஃபைனல் ஞாபகம் இருக்கா, 2008, நமக்கு நடுராத்திரி 12:15க்கு ஆரம்பிச்சு விடிய விடிய போச்சு. பெனால்டியில செல்சிக்காரங்க பெரும்பாலும் அவரோட இடது பக்கமே அடிச்சுக்கிட்டு இருந்தாங்க. அனெல்கா வந்து நின்னதும் வான் டெர் சார் இடது கையை நீட்டி, இங்கதானே எல்லாரும் அடிக்கிறீங்க, இங்கயே அடின்னு காட்டுற மாதிரி நிக்கிறாரு. அனெல்கா மனசு மாறி மறுபக்கம் அடிச்சாரு, இவரு வலது பக்கம் பாய்ஞ்சு தடுத்தாரு, கோப்பை வந்துச்சு. பந்தைத் தடுக்குறதுக்கு முன்னாடியே ஒரு ஆளோட மனசையே திருப்பிட்டாரு. 40 வயசு வரைக்கும் ஆடி லீக் பட்டத்தோடயே 2011ல ரிட்டயர் ஆனாரு.

இவ்வளவும் சொல்லிட்டு நான் ஷ்மைக்கேல் பக்கம்தான். 1991ல டென்மார்க் புரோண்ட்பியில இருந்து அஞ்சு லட்சம் பவுண்டு சொச்சத்துக்கு வாங்குனாங்க, அத நூற்றாண்டோட பேரம்னு ஃபெர்குசனே சொல்லியிருக்காரு. 1967க்கு அப்புறம் லீக் பட்டமே பார்க்காத கிளப் அது. அவரு இருந்த எட்டு சீசன்ல அஞ்சு லீக், மூணு எஃப்ஏ கப், கடைசியா 1999ல லீக், எஃப்ஏ கப், சாம்பியன்ஸ் லீக்னு மூணு கோப்பையும் ஒரே வருஷத்துல. சின்ன வயசுல ஹேண்ட்பால் ஆடுனவரு, அதனால கையையும் காலையும் விரிச்சுக்கிட்டு நட்சத்திரம் மாதிரி முன்னாடி வந்து குதிப்பாரு, ஃபார்வேர்டுக்கு கோல் போஸ்ட்டே தெரியாது. பந்து கையில வந்த அடுத்த நிமிஷம் ஹாஃப் லைன் வரைக்கும் எறிவாரு, அங்க கிக்ஸோ கான்செல்ஸ்கிஸோ ஓடிக்கிட்டு இருப்பாங்க. தலைமடையில மதகைத் தொறந்தாதானே வயலுக்குத் தண்ணி பாயும், அந்த டீமோட அட்டாக் ஆரம்பிச்ச இடமே அவரு கைதான்.

1996 மார்ச் 4, நியூகாசில் கிரவுண்டு. அன்னைக்கு அவங்கதான் டேபிள்ல முதல் இடம், முதல் பாதி முழுக்க யுனைடெட்ட போட்டு அமுக்குறாங்க, லெஸ் ஃபெர்டினாண்ட் தனியா வந்து அடிச்சதெல்லாம் இவரு உடம்புல பட்டு திரும்பிப் போவுது. ரெண்டாவது பாதியில காண்டோனா ஒரே ஒரு கோல், 1-0. அந்த சீசன் பட்டத்தோட திசையே அந்த ராத்திரி மாறிப் போச்சு. 1999 எஃப்ஏ கப் செமி ஃபைனல்ல இஞ்சுரி டைம்ல ஆர்சனல் பெர்காம்ப் அடிச்ச பெனால்டிய தடுக்கலன்னா கிக்ஸ் அடிச்ச அந்த கோலும் கிடையாது, மூணு கோப்பையும் கிடையாது. புடிச்சாலும் கத்துவாரு, விட்டாலும் கத்துவாரு, முன்னாடி நின்ன பேக்குங்க புரூஸும் பாலிஸ்டரும் திட்டு வாங்காத நாளே இல்ல. அந்தத் திட்டுதான் அவங்கள தூங்க விடாம வெச்சுது.

இப்ப என் ரெண்டாவது கேள்விக்கு வாங்க. அவரு போனதுக்கு அப்புறம் ஆறு வருஷம் கிளப் கீப்பர் தேடிக்கிட்டே திரிஞ்சுது. போஸ்னிச் வந்தாரு. தாய்பி வந்தாரு, எதிர் டீம் லெ டிசியே அடிச்ச தவழ்ந்து போற பந்தை காலுக்கு நடுவுல விட்டாரு, அவரு ஆடுனது மொத்தம் நாலே மேட்ச். உலகக் கோப்பை ஜெயிச்ச பார்த்தேஸே வந்தாரு, சில நாள் மேதை, சில நாள் நெஞ்சுவலி. ஹோவர்ட் 2004ல போர்ட்டோ மேட்ச்ல கடைசி நிமிஷத்துல ஃப்ரீ கிக்க தட்டி விட்டாரு, கோஸ்டின்யா வந்து அடிச்சுட்டுப் போனாரு. கேரல் வந்தாரு. வான் டெர் சார் வந்துதான் அந்த இடம் அடைஞ்சுது. ஒரு ஆளு போன எடத்தை நிரப்ப அவ்வளவு பேரு தேவைப்பட்டுதுன்னா அந்த ஆளு எப்பேர்ப்பட்டவருன்னு பாருங்க. அதனால ஷ்மைக்கேல், ரொம்பக் கிட்டத்துல வான் டெர் சார், அப்புறம் டி கியா.

கேள்வி: 1991க்கு முன்னாடி அந்த கிளப்புல கீப்பரே இல்லாத மாதிரி எல்லாரும் பேசுறாங்களே, பழைய ஆளுங்களப் பத்தி ஒரு வார்த்தை எழுதக் கூடாதா?
- ஓய்வு பெற்ற ஆசிரியர், திருவாரூர்

பதில்: ஐயா, நல்லா கேட்டீங்க. ஹாரி கிரெக்க பத்தி எழுதாம இந்தப் பேச்சை முடிக்கவே கூடாது. 1957 டிசம்பர்ல டான்காஸ்டர்ல இருந்து 23,500 பவுண்டுக்கு வாங்குனாங்க, அன்னைக்கு உலகத்துலயே ஒரு கீப்பருக்குக் கொடுத்த அதிக விலை அது. ரெண்டே மாசம், 1958 பிப்ரவரி 6, மியூனிக்ல பனி கொட்டுற ரன்வேயில மூணாவது தடவை கிளம்பப் பார்த்த டீமோட ப்ளேன் மோதி நொறுங்கிடுச்சு. 23 பேரு செத்தாங்க, அதுல எட்டு பேரு ஆட்டக்காரங்க. கிரெக் தலையில ரத்தத்தோட வெளிய வந்தவரு, வெடிச்சுடும் ஓடிடுன்னு கத்துனதையும் கேக்காம திரும்ப உள்ள போனாரு. ஒரு கைக்குழந்தைய தூக்கிட்டு வந்தாரு, அந்தக் குழந்தையோட கர்ப்பிணி அம்மாவையும் இழுத்துக்கிட்டு வந்தாரு, கூட ஆடுற பாபி சார்ல்டனையும் டென்னிஸ் வயலட்டையும் இடுப்பைப் புடிச்சு தூரமா இழுத்துப் போட்டாரு. 13 நாள் கழிச்சு ஷெஃபீல்டு வென்ஸ்டேவோட மேட்ச், ஓல்டு டிராஃபோர்டுல கோல்ல நின்னது அதே மனுஷன், 3-0. அந்த வருஷ உலகக் கோப்பையில சிறந்த கீப்பர்னு அவரைத்தான் தேர்ந்தெடுத்தாங்க. இவரைப் போய் மத்தவங்களோட வரிசையில நிக்க வெச்சு அளக்க எனக்கு மனசு வரல, அதான் மேல உள்ள பதில்ல சேர்க்கல.

அப்புறம் அலெக்ஸ் ஸ்டெப்னி. 1968 ஐரோப்பிய கோப்பை ஃபைனல், வெம்ப்ளி, பென்ஃபிகாவோட 1-1ல நிக்குது, 90 நிமிஷம் முடியப் போவுது. யூசேபியோ தனியா வந்துட்டாரு, உலகத்துலயே பெரிய ஷாட் அடிக்கிற ஆளு, பக்கத்துல இருந்து ஓங்கி அடிச்சாரு. ஸ்டெப்னி நெஞ்சோட சேர்த்து அணைச்சுப் புடிச்சுட்டாரு. தட்டி விடல, புடிச்சாரு, அதுதான் விஷயம், தட்டி விட்டிருந்தா அடுத்த ஆளு அடிச்சிருப்பான். யூசேபியோவே நின்னு கை தட்டுனாரு. எக்ஸ்ட்ரா டைம்ல 4-1. இதே ஸ்டெப்னி 1973-74ல ரெண்டு பெனால்டி கோல் அடிச்சு, சீசன் பாதியில டீம்ல அதிக கோல் அடிச்சவங்க வரிசையிலயே இருந்தாரு, அந்த வருஷம்தான் யுனைடெட் கீழ் டிவிஷனுக்கு இறங்குச்சு, எந்த நிலைமையில இருந்துருக்கும்னு பார்த்துக்கங்க.

கேள்வி: 2021 யூரோப்பா லீக் ஃபைனல் தோத்ததுக்கு டி கியாதான் காரணம்னு என் மாமா பையன் சொல்றான். சரியா?
- மன்னார்குடி வாசகி

பதில்: சரியில்லம்மா. வில்லாரியல்காரங்களோட பெனால்டி 11-10 வரைக்கும் போச்சு, 21 பேரு அடிச்சுட்டாங்க, 22வதா கீப்பரே அடிக்க வேண்டிய நிலைமை, ருல்லி தடுத்துட்டாரு. கீப்பர் பெனால்டி அடிக்கிற நிலைமைக்கு மேட்ச்ச கொண்டு போனது மத்தவங்க, 120 நிமிஷத்துல ஒரு கோலுக்கு மேல அடிக்க முடியாம. ஆனா எதிர்ல வந்த 11 பெனால்டியில ஒண்ணைக்கூட டி கியா தடுக்கல, அதையும் சொல்லித்தான் ஆகணும்.

கேள்வி: இப்பல்லாம் கீப்பர் ஏன் காலால பாஸ் போட்டே உசுர வாங்குறாங்க? ஓங்கி அடிச்சுத் தொலைக்கக் கூடாதா?
- அதிராம்பட்டினம் வாசகர்

பதில்: எல்லாம் ரூல் மாறுனதுதான். 1992 வரைக்கும் பேக் திருப்பிக் கொடுத்தா கீப்பர் கையில எடுத்துக்கலாம், டைம் கடத்தலாம். அந்த வருஷம் அத நிறுத்துனாங்க, கால்ல ஆடத் தெரியாத கீப்பர்லாம் தடுமாறுனாங்க. 2019ல கோல் கிக் பந்து பாக்ஸ (கோலுக்கு முன்னாடி உள்ள பெனால்டி கட்டத்த) விட்டு வெளிய போகணும்னு இருந்ததையும் எடுத்துட்டாங்க, அப்புறம் பாக்ஸுக்குள்ளயே பாஸ் ஆரம்பிச்சுது. யுனைடெட் 2023ல டி கியாவ அனுப்பிட்டு ஒனானாவ கொண்டு வந்ததே இந்தக் கால் வேலைக்குத்தான். பாஸ் நல்லாதான் இருந்துச்சு, புடிக்க வேண்டியது நழுவுச்சு. முதல்ல கை, அப்புறம்தான் கால், என் கருத்து இது. இப்ப இருக்குற லாமென்ஸ் 2025ல ஆன்ட்வெர்ப்ல இருந்து வந்தவரு, கிராஸ் வந்தா வெளிய வந்து புடிக்கிறாரு, எனக்கு அது புடிச்சிருக்கு.

கேள்வி: நம்ம சென்னையின் எஃப்சிக்கு பெஸ்ட் கீப்பர் யாரு?
- நாகப்பட்டினம் வாசகர்

பதில்: 2015 பட்டத்துக்கு அபூலா எடெல், 2018 பட்டத்துக்கு கரன்ஜித் சிங். எனக்கு கரன்ஜித், ஏன்னா ஒரு இந்திய கீப்பர் முழு சீசனும் நம்பி நின்னு கோப்பையோட வந்தாரு.

கேள்வி: அண்ணா, எனக்கு 15 வயசு, செவன்ஸ்ல கோலி நிக்கிறேன். உயரம் கம்மி, அறுவடை முடிஞ்ச வயல்லதான் ஆடுறோம். நான் கீப்பர் ஆக முடியுமா?
- பட்டுக்கோட்டை மாணவர்

பதில்: தாராளமா ஆகலாம் தம்பி. பார்த்தேஸ் கீப்பருங்க மத்தியில உயரமான ஆளே கிடையாது, 1998 உலகக் கோப்பையில ஏழு மேட்ச்லயும் நின்னு ரெண்டே கோல்தான் விட்டாரு. உயரம் கம்மின்னா லைன்லயே நிக்காத, ரெண்டடி முன்னாடி வந்து நில்லு, அடிக்கிறவனுக்கு எடம் குறையும். அவன் கால் பந்துல படுற நேரத்துல நீ ஓடிக்கிட்டு இருக்கக் கூடாது, ரெண்டு காலும் தரையில இருக்கணும், முழங்கால் லேசா மடங்கி இருக்கணும். நெஞ்சுக்கு மேல வர்ற பந்துக்கு ரெண்டு கட்டை விரலும் பந்துக்குப் பின்னாடி கிட்டக்கிட்ட இருக்கணும், இல்லன்னா நடுவுல பூந்து மூஞ்சியில அடிக்கும். விழுறப்போ முழங்கைய ஊணாத, தொடை, இடுப்பு, தோள்னு பக்கவாட்டுல விழு. அறுத்த தாள் குத்தும், அங்க டைவ் பழகாத, ஆத்து மணல்ல போய் பழகு, மேட்ச்சுக்கு முழுக்கை பனியனும் முழங்கால் வரைக்கும் சாக்ஸும் போடு. உன் பேக்குங்கள பேரைச் சொல்லிக் கூப்பிடு, வலது, இடது, ஏறுன்னு சத்தமா சொல்லு, அவங்க அண்ணனா இருந்தாலும் பரவாயில்ல. கிளவுஸ் வாங்க காசு இல்லன்னா இப்ப வேண்டாம். செவுத்துல பந்த அடிச்சு திரும்பி வர்றத வெறுங்கையில புடிச்சுப் பழகு, தினம் சாயங்காலம் அரை மணி நேரம் போதும்.