பத்து வீடா, காணி உறுதியா?

அன்பின் அக்கா,

இலங்கையில், பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன் நான். இப்போது டொரொண்டோவில் இருக்கிறேன். கூடப் படித்தவர்கள் சேர்ந்து சின்னதாய் ஓர் அறக்கட்டளை பதிந்திருக்கிறோம். டித்வா புயலுக்குப் பிறகு, எங்கள் தோட்டத்தில் பத்து வீடு கட்டிக் கொடுக்கலாம் என்று யோசனை. அதற்கே கையிருப்பு முழுவதும் போய்விடும். லயத்து வரிசை அறைகளில் மிச்சம் இருப்பவர்களுக்கு என்ன சொல்வது? எப்படிச் செய்தால் நல்லது?

- க.

அன்பின் தம்பி,

பத்து வீட்டைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். வீடு கட்ட அரசாங்கம் இருக்கிறது, இந்திய உதவியும் இருக்கிறது. முதலில் 4,000 வீடு, பிறகு 2017இல் நோர்வூட்டில் அறிவித்த 10,000 என்று அது மெதுவாகவேனும் நகர்கிறது. அந்தக் காசு எட்டாத வேலைகள் சில உண்டு. உங்களைப் போன்றவர்கள் வர வேண்டியது அங்கேதான்.

தோட்டக் காணி அரசாங்கத்துடையது. 1992இலிருந்து நிர்வாகம் பெரும்பாலும் கம்பனிகளின் கையில். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில் (அறையில்) நாலு தலைமுறை வாழ்ந்த குடும்பத்துக்கும் அதில் உரிமை கிடையாது. புது வீட்டுக்கென்று ஏழு பேர்ச் காணி ஒதுக்கினாலும், உறுதி (காணியின் உரிமைப் பத்திரம்) கைக்கு வர வருஷக்கணக்கில் இழுபடுகிறது. உறுதி இல்லாமல் எந்த வங்கியில் போய் வீட்டுக்கடன் கேட்பது? நில அளவையாளர் கூலி, சட்டத்தரணி செலவு, கம்பனிக்கும் கச்சேரிக்கும் (மாவட்டச் செயலகம்) அலைய ஒரு முழுநேர ஆள்: இவற்றுக்குப் பணம் போடுங்கள். பெயர்ப்பலகை வைக்க இடமிருக்காது. ஆனால் பத்து வீட்டுக் காசில் எத்தனையோ குடும்பங்களின் காணி சட்டப்படி அவர்களுடையதாகும். உறுதியில் மனைவியின் பெயரும் இருக்க வேண்டும் என்று ஆரம்பத்திலேயே பேசிவிடுங்கள்.

அப்புறம், மலை. கொஸ்லாந்தை மீரியபெத்தயில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தார்கள். போவதற்கு ஓர் இடம் கொடுத்திருந்தால் சனங்கள் போயிருப்பார்கள். தப்பியவர்கள் பழைய தேயிலைத் தொழிற்சாலையில் தங்கி, வீடு கிடைக்க 2016 ஆனது. ஆகவே தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதி இல்லாமல் ஒரு கல்லும் வைக்காதீர்கள். மண்ணைத் தாங்கும் கற்சுவர், மழைத் தண்ணீர் ஓடக் கான் (வடிகால்), பீலியிலிருந்து (மலை ஊற்றுத் தண்ணீர் விழும் இடம்) குழாய் ஆகியவற்றையும் வீட்டுச் செலவாகவே கணக்கெடுங்கள். வீட்டுக்கு மேலே உள்ள கான் தூர்ந்தால் தண்ணீர் அத்திவாரத்துக்குள் இறங்கும். அதை வருஷா வருஷம் வெட்டவும் ஒரு தொகை ஒதுக்க வேண்டும். திறப்பு விழா முடிந்து போய்விடும் நன்கொடையாளருக்கு இது தெரியவே வராது. எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

மிச்சப் பணத்தைச் சுழல்நிதியாக வையுங்கள். 1862இல் ஜோர்ஜ் பீபொடி என்ற வணிகர் லண்டன் ஏழைகளின் வீட்டுக்காக ஒன்றரை இலட்சம் பவுண் கொடுத்தார். வீடுகள் இனாமாகப் போகவில்லை. குறைந்த வாடகை வாங்கி, அதைக் கொண்டு மேலும் வீடு கட்டினார்கள். அந்த நிதியம் இன்றும் இயங்குகிறது. மலையகத்துக்கு வாடகை வேண்டாம். இருநூறு வருஷம் அடுத்தவன் கூரையின் கீழ் இருந்தது போதும். ஆனால் திரும்பி வரும் பணம் என்ற யோசனை நமக்கும் சரிவரும். நம் நாட்டிலேயே 1984இல் தொடங்கிய பத்து இலட்சம் வீட்டுத் திட்டம், சிறு கடனைக் கொடுத்துக் குடும்பங்களையே கட்ட விட்டது. தோட்டங்களில் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. உங்கள் தோட்டத்துச் சங்கம் ஒழுங்காகக் கணக்கு வைத்திருந்தால், அதன் வழியாக வட்டியில்லாக் கடன் கொடுக்கலாம். ஒரு காம்பரா கூட்ட, கூரை மாற்ற, கழிவறை கட்ட. கொழுந்து குறைந்த மாதங்களில் தவணையைத் தள்ளிப்போடவும் இடம் விடுங்கள்.

கட்டத்தான் வேண்டும் என்றால், வரைபடத்தை முதலில் பெண்களிடம் காட்டுங்கள். விறகு எரிக்கிற வீட்டுக்குப் புகைபோக்கி இல்லாத குசினியைக் கட்டிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். கொஞ்ச நாளில் பின்பக்கம் தகரத்தால் இன்னொரு குசினி முளைக்கும், சாமான் வைக்கிற அறையாகிவிடும் புதுக் குசினி.

தோட்டத்தின் பெயர், டிவிஷன், அங்கே எத்தனை லயம் என்ற விவரங்களை எழுதுங்கள். அந்தப் பக்கத்தில் அளவை வேலை செய்த ஒருவரிடம் கேட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா