காற்றுப் படகும் ஆர்.சி. இல்லாத டிரெய்லரும்: வைப்புநிதியை உடைக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 52. மஸ்கட்டில் 19 ஆண்டுகள் வேலை செய்துவிட்டு, சென்ற ஆண்டு கருங்கல் பக்கம் சொந்த வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். என்.ஆர்.இ. (வெளிநாட்டில் வாழும் இந்தியருக்கான) வைப்புநிதியில் 18 லட்சம் ரூபாய் இருக்கிறது. முதிர்வுக்கு இன்னும் 14 மாதங்கள் உள்ளன. ரப்பரில் சராசரியாக மாதம் 22,000 ரூபாய் வருகிறது. மகள் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். கொல்லத்தில் உள்ள நண்பர் 3.6 மீட்டர் காற்றடைத்த பி.வி.சி. படகு, 15 குதிரைத்திறன் அவுட்போர்டு இன்ஜின், டிரெய்லர் மூன்றையும் சேர்த்து 3.4 லட்சத்துக்குத் தருகிறார். டிரெய்லருக்கு ஆர்.சி. கிடையாது, யாரும் கேட்பதில்லை என்கிறார். என்னிடம் சிறிய பெட்ரோல் கார் இருக்கிறது. வாரந்தோறும் தேங்காய்ப்பட்டணம் பொழிமுகத்தில் (ஆறு கடலில் கலக்கும் இடத்தில்) தூண்டில் போடலாம், ஞாயிற்றுக்கிழமைகளில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றினால் மாதம் 15,000 ரூபாய் வரும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். வைப்புநிதியை உடைக்கவா, மனைவியின் நகையை அடகு வைக்கவா? மனைவி இரண்டுக்கும் சம்மதிக்கவில்லை. "மழைக்காலத்தில் இதை எங்கே வைப்பீர்கள்?" என்று மட்டும் கேட்டாள்.

பதில்: கடலோரத்தில் பிறந்து, வாலிபத்தையெல்லாம் பாலைவனத்தில் கழித்தவருக்குப் படகு ஆசை வருவதில் வியப்பில்லை. ஆசையை நான் குறை சொல்லவில்லை. உங்கள் கடிதத்தில் என்னைப் பயமுறுத்தியது படகும் அல்ல, விலையும் அல்ல, "டிரெய்லருக்கு ஆர்.சி. கிடையாது" என்ற அந்த ஒரு வரிதான். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, வண்டியால் இழுக்கப்படும் டிரெய்லரும் ஒரு வாகனம்தான். அதற்குப் பதிவு வேண்டும், எண் பலகை வேண்டும், விளக்கு வேண்டும், காப்பீடு வேண்டும். சாலையில் யாரும் நிறுத்திக் கேட்காமல் இருக்கலாம். ஆனால் மார்த்தாண்டம் நெரிசலில் கொக்கி நழுவி, அந்த டிரெய்லர் ஒரு இருசக்கர வாகனத்தின் மேல் ஏறிவிட்டால், அன்றைக்குக் கேட்பார்கள். பதிவில்லாத டிரெய்லரை இழுத்த காருக்கு ஏற்பட்ட சேதத்தை ஏற்கக் காப்பீட்டு நிறுவனம் மறுக்கலாம். அடிபட்டவருக்கு விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் விதிக்கும் தொகை உங்கள் தலையில் விழலாம். அதற்கு உச்சவரம்பு கிடையாது. 3.4 லட்சம் ரூபாய்ப் படகை வாங்கப்போய், 18 லட்சத்தையும் ரப்பர் தோட்டத்தையும் பணயம் வைக்கிறீர்கள்.

"கேரளப் பதிவாக இருந்தால் மாற்றிக்கொள்ளலாமே?" என்று கேட்கலாம். அங்கே பதிவு இருந்தால்தானே தடையில்லாச் சான்று வாங்கி இங்கே கொண்டுவர முடியும்? பதிவே இல்லாத, யாரோ பட்டறையில் பற்றவைத்த இரும்புச் சட்டகத்துக்குப் புதிதாக எண் வாங்க முடியுமா என்பதை மார்த்தாண்டம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன்பு கேளுங்கள். காரின் கையேட்டையும் புரட்டுங்கள். எத்தனை கிலோ இழுக்கலாம் என்று அதில் இல்லாவிட்டால், வெளியே கொக்கி பற்றவைத்த பிறகு கிளட்ச் தேய்ந்தாலும் கியர்பாக்ஸ் போனாலும் உத்தரவாதம் கேட்டுப் போக முடியாது.

எடையைப் பாருங்கள். படகு சுமார் 70 கிலோ, இன்ஜின் 40, பெட்ரோலும் தொட்டியும் 20, நங்கூரம், துடுப்பு, உயிர்காப்பு அங்கி எல்லாம் 30, டிரெய்லர் 160 என்று வைத்தால் மொத்தம் 320 கிலோ. பெரிய எடை இல்லை என்றுதான் தோன்றும். ஆனால் இந்த எடையில் 5 முதல் 10 சதவீதம், அதாவது 16 முதல் 32 கிலோ வரை, கொக்கியின் மேல் அழுந்த வேண்டும். காற்றுப் படகில் இன்ஜின் பின்பலகையில் தொங்குவதால் கனமெல்லாம் பின்னால் போய்விடும். கொக்கி மேலே தூக்கப்படும். 50 கிலோமீட்டர் வேகத்திலேயே டிரெய்லர் வாலாட்டத் தொடங்கலாம். நம் ஊர்ச் சாலை வளைவுகளில் எதிரே பஸ் வரும்போது அது ஆடினால் என்ன ஆகும் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை.

இனி நீரில் இறக்குவது. வெளிநாட்டுக் காணொளிகளில் சிமென்ட் சரிவில் காரைப் பின்னால் எடுப்பார்கள், படகு தானாக மிதக்கும், காரை ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள். உங்களுக்கு அந்தச் சரிவு எங்கே இருக்கிறது? மீன்பிடித் துறைமுகத்தில் உள்ள வசதி மீனவர்களுக்கானது. அனுமதி இல்லாமல் பொழுதுபோக்குப் படகை அங்கே இறக்க முடியாது. மற்ற இடங்களில் மணல்தான். சில ஆண்டுகளுக்கு முன்பு நண்பர் ஒருவரின் டிரெய்லரோடு மணக்குடிப் பக்கம் போய் நானும் பட்டேன். காரின் பின்சக்கரம் அச்சுவரை புதைந்தது. கடல் ஏற்றம் தொடங்க ஒரு மணி நேரம்தான் இருந்தது. டிராக்டர் வரவழைத்து இழுத்தோம், 2,500 ரூபாய். அதோடு முடியவில்லை. ஓடிவந்த சூட்டோடு சக்கரத்தை உப்புநீரில் இறக்கியிருந்தோம். சூடான பேரிங் திடீரென்று குளிரும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். கிரீஸ் பால்போல வெளுத்துவிடும். மூன்று வாரம் கழித்து நாகர்கோவில் போகும் வழியில் அந்தச் சக்கரம் கிறீச்சிட்டு நின்றது. அன்றைக்குப் பிடித்த மீன் நான்கு. ஒரு மீன் என்ன விலைக்கு வந்தது என்று இன்றும் வீட்டில் கேட்பார்கள்.

இந்தச் செலவுகள் எதுவும் 3.4 லட்சத்தில் இல்லை. எனவே படகின் விலையை விட்டுவிட்டு, ஒருமுறை கடலுக்குப் போய்வர ஆகும் செலவைக் கணக்கிடுவோம். ஐந்து ஆண்டு கழித்து எல்லாவற்றையும் விற்றால் 1.4 லட்சம் கிடைக்கும் என்று தாராளமாகவே வைக்கிறேன். ஆண்டுக்குத் தேய்மானம் 40,000 ரூபாய். 3.4 லட்சம் 7 சதவீத வட்டியில் இருந்திருந்தால் வரும் 23,800 ரூபாய் போகிறது. இன்ஜின் பராமரிப்பு, பேரிங், டயர், வால்வு, ஒட்டு என்று 18,000. காப்பீடும் பிறவும் 6,000. மொத்தம் 87,800 ரூபாய். இது படகு கொட்டகையில் தூங்கினாலும் ஆகும் செலவு. பெட்ரோல் ஒரு தடவைக்கு 10 லிட்டர், சுமார் 1,000 ரூபாய் தனி.

நீங்கள் நினைப்பதுபோல ஆண்டுக்கு 52 முறை போனால் ஒரு தடவைக்கு ஏறக்குறைய 2,700 ரூபாய். 25 முறை என்றால் 4,500. 12 முறை என்றால் 8,300.

எத்தனை முறை போவீர்கள்? மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலம். அந்தத் தடை உங்கள் படகுக்கானது அல்ல. ஆனால் ஆனி, ஆடிக் கடலில் காற்றுப் படகை இறக்க யாரும் துணிய மாட்டார்கள். தென்மேற்குப் பருவக்காற்று செப்டம்பர் வரை நிற்காது. அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு மழை. ஒக்கிப் புயல் 2017 நவம்பர் இறுதியில் வந்ததை இந்த மாவட்டத்தில் யாருக்கும் நினைவூட்ட வேண்டாம். காற்றே இல்லாத தெளிந்த நாளிலும் கள்ளக்கடல், அதாவது எங்கோ தொலைவில் வீசிய காற்றால் வரும் பேரலை, எழும்பும். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலைக்குப் பலியானது அப்படிப்பட்ட நாள்களில்தான். நீங்கள் சொல்லும் தேங்காய்ப்பட்டணம் முகத்துவாரமோ, மணல் மேடிட்டு அலை உடையும் இடம். தொழில் தெரிந்த மீனவர்களின் வள்ளங்களே அங்கே கவிழ்ந்து உயிர்கள் போயிருக்கின்றன. கல்யாணம், கோயில் கொடை, பெருநாள், மகளின் கல்லூரி எல்லாம் கழித்தால் 15 முறை போனாலே நீங்கள் சுறுசுறுப்பானவர்.

சுற்றுலா வருமானத்தைக் கணக்கிலிருந்து முழுவதுமாக அடித்துவிடுங்கள். பொழியிலும் ஆற்றிலும் இன்ஜின் படகில் ஆட்களை ஏற்ற வேண்டுமானால் 2021ஆம் ஆண்டு உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படி பதிவு, ஆய்வு, காப்பீடு எல்லாம் வேண்டும். 2023 மே 7 அன்று மலப்புறம் மாவட்டம் தானூரில், மீன்பிடிப் படகை உல்லாசப் படகாக மாற்றி ஓட்டியதில் 22 பேர் இறந்தார்கள். மாதம் 15,000 ரூபாய்க்காக அப்படியொரு வழக்கில் முதல் குற்றவாளியாக நிற்க உங்களுக்கு மனம் வராது என்று நம்புகிறேன். பேச்சிப்பாறை அணையில் ஓட்டலாமே என்றும் யோசிக்காதீர்கள். அது அரசின் நீர்த்தேக்கம்; சொந்தப் படகை நினைத்தபடி இறக்க முடியாது.

இப்போது கடன். நகை அடகு வேண்டவே வேண்டாம். காரணம் வட்டி மட்டுமல்ல. பிப்ரவரி, மார்ச்சில் ரப்பர் இலை உதிர்ந்து பால் வெட்டு நிற்கும். மழைக்காலத்தில் பாதி நாள் வெட்ட முடியாது. கடல் நன்றாக இருக்கும் மாதங்களில் உங்கள் கையில் நேரம் இருக்கும், பணம் இருக்காது. அந்த மாதங்களிலும் அடகுக்கடை வட்டி நிற்காது. வைப்புநிதியை இடையில் உடைத்தால் பெரும்பாலான வங்கிகள் 0.5 முதல் 1 சதவீதம் வரை வட்டியைக் குறைக்கும். அதற்குப் பதில், வைப்புநிதியின் பேரிலேயே கடன் வாங்கினால் பொதுவாக அதன் வட்டியைவிட 1 அல்லது 2 சதவீதம்தான் கூடுதல். இரண்டில் இதுவே மேல். ஆனாலும் 3.4 லட்சத்துக்கு நான் அதையும் பரிந்துரைக்கவில்லை. இன்னும் இரண்டாண்டுக் கல்லூரிக் கட்டணம் அந்த 18 லட்சத்திலிருந்துதான் போக வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்று. நிரந்தரமாக ஊர் திரும்பியவர் என்.ஆர்.இ. கணக்கை உள்நாட்டுக் கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டும். வைப்புநிதி ஒப்புக்கொண்ட வட்டியில் முதிர்வுவரை தொடரலாம், ஆனால் வட்டிக்கு இருந்த வரிவிலக்கு இனி கிடையாது. ஓராண்டு ஆகிவிட்டதே, வங்கிக்குச் சொன்னீர்களா? சொல்லவில்லை என்றால் இந்த வாரமே போங்கள். கம்பெனி கொடுத்த மருத்துவக் காப்பீடும் மஸ்கட்டோடு முடிந்திருக்கும். குடும்பத்துக்குப் புதிதாக எடுத்துவிட்டீர்களா என்பதையும் பாருங்கள். படகெல்லாம் அதற்குப் பிறகு.

அப்படியானால் ஆசையை என்ன செய்வது? ஆறு மாதம் ஊர் வள்ளக்காரர் ஒருவரோடு கூலி பேசிப் போங்கள். போன தேதி, கொடுத்த பணம், கடல் எப்படி இருந்தது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். எந்தக் கரையில் இறக்கலாம், வலை எங்கே கிடக்கிறது, கடற்கரை ஊரில் தேவாலயப் பங்குப் பேரவையில் யாரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அவரோடு போனால்தான் தெரியும். கூடவே மாதம் 10,000 ரூபாய் தொடர் வைப்பில் போடுங்கள். ரப்பர் வருமானத்தில் அது முடியவில்லை என்றால், படகு பராமரிப்பும் முடியாது என்று பொருள்.

ஆறு மாதத்தில் எட்டு முறையாவது போயிருந்தால், 2.7 அல்லது 3 மீட்டர் சுருட்டிப் படகு ஒன்றைப் பாருங்கள். 5 குதிரைத்திறன் இன்ஜின் போதும். படகு 25 கிலோ அளவில்தான் இருக்கும், இரண்டு பேர் தூக்கலாம். காற்றை இறக்கிச் சுருட்டினால் டிக்கியில் போகும். பின்பலகையில் மடக்கும் சக்கரம் பொருத்தினால் மணலில் கையால் உருட்டி இறக்கலாம். டிரெய்லர் இல்லை, கொக்கி இல்லை, ஆர்.டி.ஓ. இல்லை. எல்லாம் சேர்த்து 1.2 லட்சத்துக்கு மேல் போகாதீர்கள். புதிதாக வாங்கும் எண்ணம் இருந்தால், பொழுதுபோக்குப் படகுகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 40 சதவீதம் என்பதையும் விலைக்குள் பாருங்கள். பழையது என்றால் ஒருநாள் முழுக்கக் காற்றடைத்து வைத்து, மறுநாள் எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று பார்த்துப் பேசுங்கள். வெயிலில் கிடந்த பி.வி.சி.யில் துணி நன்றாக இருந்தும் பசை விட்டுப்போகும். ஹைப்பலான் என்ற செயற்கை ரப்பர் வெயில் தாங்கும், விலையும் அதற்கேற்ப இருக்கும். நம் ஊரில் இன்ஜினுக்கு எப்போதும் ஆள் உண்டு; காற்றுப் படகை விற்க ஆள் தேட வேண்டும். அதனால் இரண்டுக்கும் தனித்தனியாக விலை பேசுங்கள்.

கடைசியாக, உங்கள் மனைவியின் கேள்வி. கடிதம் முழுக்கத் தேடினேன், அதற்கு நீங்கள் பதில் எழுதவில்லை. 3.6 மீட்டர் படகும் டிரெய்லரும் நிற்கக் கார் நிற்பதைவிட நீளமான இடம் வேண்டும். மேலே கூரை வேண்டும். ரப்பர் ஷீட் காயவைக்கும் புகைப்புரைக்குப் பக்கத்தில் வைக்கலாம் என்று நினைத்திருந்தால், அந்தச் சூடு ஒட்டுகளைக் கெடுத்துவிடும். தென்னந்தோப்புக் கொட்டகை என்றால் எலி. சுருட்டிப் படகைக் கழுவி, உலர்த்தி, பவுடர் தூவி உள்ளறைப் பரணில் வைக்கலாம். பரணில் இடம் இருக்கிறதா என்று அவரிடமே கேளுங்கள்.