ஜப்பானும் போரும் வகுப்பறையும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் வரலாறு நடத்துகிறேன். எம்.ஏ. மாணவர்களுக்குத் தூரக்கிழக்கு நாடுகளின் வரலாறு என்று ஒரு பேப்பர் உண்டு. இந்த வருடம்தான் என் கைக்கு வந்தது. ஜப்பான் நவீன நாடாக மாறிய மெய்ஜி காலம் வரை எந்தச் சிக்கலும் இல்லை. 1905இல் ஜப்பான் ரஷ்யாவைத் தோற்கடித்ததைச் சொன்னபோது வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது.

1937இல் ஜப்பானியப் படை சீனாவில் நடத்திய நான்ஜிங் படுகொலைக்கு வந்ததும் எல்லாம் மாறிவிட்டது. ஒரு மாணவர் எழுந்து, "வங்கப் பஞ்சத்துல முப்பது லட்சம் பேர் செத்தாங்களே மேடம், அதை விட்டுட்டு ஜப்பானை மட்டும் ஏன் சொல்றீங்க? அவங்க நேதாஜிக்கு உதவினவங்க" என்றார். இன்னொருவர், போருக்குப் பின் ஜப்பானியத் தலைவர்கள்மீது நடந்த டோக்கியோ விசாரணையில் நம் நீதிபதி ராதாபினோத் பாலே ஜப்பான்மீது குற்றமில்லை என்று எழுதியிருக்கிறாரே என்றார். மற்றொரு மாணவர் வகுப்பில் வாயே திறக்கவில்லை. மணி அடித்தபிறகு வந்து, தன் கொள்ளுத்தாத்தா மலேயாவில் ஐ.என்.ஏ.வில் (இந்திய தேசிய ராணுவம்) இருந்தவர் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

இந்தப் பாடத்தை எப்படி எடுப்பது? படங்களைக் காட்டலாமா? இரண்டு பக்கமும் சொல்லி விட்டுவிடலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

*

அன்புள்ள ஆசிரியருக்கு,

வங்கப் பஞ்சத்தைக் கேட்ட மாணவரிடமிருந்து தொடங்குகிறேன். அவரை அடக்கிவிடாதீர்கள். ஜப்பானுக்கு வக்காலத்து வாங்குவது அவர் நோக்கமாக எனக்குத் தெரியவில்லை. தன் நாட்டில் செத்தவர்களை யாரும் சொல்வதில்லை என்ற கோபம் அது. நியாயமான கோபம். அதற்கு உங்கள் பாடத்துக்குள்ளேயே இடம் இருக்கிறது.

1942இல் பர்மா ஜப்பான் கைக்குப் போனது. வங்கத்துக்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றது. ஜப்பானியர் வந்தால் அவர்கள் கைக்குச் சிக்கக்கூடாதென்று கரையோர வங்கத்தின் படகுகளையும் அரிசியையும் ஆங்கிலேயர்கள் அப்புறப்படுத்தினார்கள். அக்டோபரில் புயல் வேறு. விலை எட்டாத உயரத்துக்குப் போனது. படையினருக்கும் கல்கத்தா ஆலைகளுக்கும் முதலில், கிராமத்துக்குப் பிறகு என்று அரசு முடிவெடுத்தது. 1943இல் ஜனங்கள் சாலையோரம் செத்தார்கள். அடுத்த இரண்டு வருடத்தில் அதே போரில் வடக்கு வியட்நாமிலும் பஞ்சம். அங்கே நெல்லைப் பிடுங்கியவர்கள் ஜப்பானியப் படையும் பிரெஞ்சு நிர்வாகமும். 1945 செப்டம்பர் 2 அன்று ஹனோயில் ஹோ சி மின் வாசித்த சுதந்திரப் பிரகடனத்தில் இருபது லட்சத்துக்கு மேற்பட்டோர் பட்டினியால் செத்தார்கள் என்று வருகிறது. பிரெஞ்சுக்காரர்களையும் ஜப்பானியரையும் ஒரே மூச்சில் குற்றம் சாட்டுகிறார். அந்தப் பத்தியை அந்த மாணவரையே எழுந்து வாசிக்கச் சொல்லுங்கள்.

அதோடு ஒன்றை அழுத்தமாகச் சொல்லிவிட வேண்டும். நான்ஜிங்கில் கொல்லப்பட்ட பெண்ணுக்கும் லண்டன் அமைச்சரவைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. வங்கத்துச் சாவைக் காட்டி அவள் சாவைக் கழித்துவிட முடியாது. இரண்டு பக்கமும் சொல்லி விட்டுவிடலாமா என்று கேட்டீர்கள். கூடாது. இரண்டு பக்கம் என்று ஆரம்பித்தாலே இந்தக் கழித்தல் கணக்கு வந்து உட்கார்ந்துவிடும். எத்தனை பக்கம் இருக்கிறதோ அத்தனையும் வரட்டும்.

1905இல் நிமிர்ந்து உட்கார்ந்த வகுப்பை அந்த இடத்திலேயே இன்னும் ஒரு மணி நேரம் நிறுத்தியிருக்கலாம். செப்டம்பரில் அந்தப் போரை முடித்த போர்ட்ஸ்மவுத் ஒப்பந்தம். ஆசிய நாடொன்று ஐரோப்பிய வல்லரசை வென்றதென்று இந்தியா முழுக்கக் கொண்டாட்டம். அந்தக் கொண்டாட்டம் பொய்யில்லை. ஆனால் நவம்பர் 17 அன்று சியோலில் அரண்மனையைச் சுற்றி ஜப்பானியச் சிப்பாய்கள் நிற்க, கொரியா தன் வெளியுறவு உரிமையை எழுதிக்கொடுத்தது. 1910இல் நாடே போனது. நமக்கு நம்பிக்கை தந்த அதே வெற்றி கொரியாவை விழுங்கியது. அந்த மகிழ்ச்சியையும் இந்தப் பறிப்பையும் ஒரே ஆண்டில் வைத்துப் பார்க்கப் பழகிய மாணவருக்கு, நேதாஜியும் நான்ஜிங்கும் ஒரே யூனிட்டில் வரும்போது தலை சுற்றாது.

போர் எப்போது ஆரம்பித்தது என்று கேட்டுப் பாருங்கள். நம் பிள்ளைகள் 1939 என்பார்கள், அது போலந்துக்கு. பியர்ல் ஹார்பரைச் சொல்பவர்கள் 1941 என்பார்கள். சீனாவில் வெகுகாலம், ஜப்பான் முழுவீச்சில் தாக்கிய 1937 ஜூலை என்றுதான் கற்பித்தார்கள். 2017இல் அங்கே கல்வி அமைச்சகம் பாடப்புத்தகங்களில் அதை ஜப்பான் மஞ்சூரியாவைத் தாக்கிய 1931க்கு நகர்த்தியது. ஜப்பானிலேயே 1931 முதல் 1945 வரை பதினைந்தாண்டுப் போர் என்று எழுதுகிற வரலாற்றாசிரியர்கள் உண்டு. 1941இல் ஆரம்பித்தால் ஜப்பான் வெள்ளையரோடு மோதிய நாடாகத் தெரியும். 1931இல் ஆரம்பித்தால் முதல் பத்து வருடமும் ஆசியர்கள்மீது நடந்த போர்தான். 1941 டிசம்பரில்கூட, பியர்ல் ஹார்பரில் குண்டு விழுவதற்குச் சற்று முன்பே மலேயாவின் கோத்தா பாருவில் ஜப்பானியப் படை கரையிறங்கிவிட்டது. எண்ணெயும் ரப்பரும் தகரமும் தென்கிழக்கில்தான் இருந்தன.

இனி 1943. ஒரே ஒரு வகுப்புதான் தர முடியும் என்றால் இந்த ஆண்டைத்தான் எடுக்கச் சொல்வேன்.

அந்த வருடம் மே 31 அன்று டோக்கியோவில் பேரரசர் முன்னிலையில் ஒரு கூட்டம் நடந்து ஒரு கொள்கை ஆவணம் முடிவானது. பர்மாவுக்கும் பிலிப்பைன்ஸுக்கும் சுதந்திரம் தரலாம் என்கிறது அது. பிலிப்பைன்ஸ் சுதந்திரத்துக்குப் பிறகு கிழக்காசியத் தலைவர்களை டோக்கியோவில் கூட்டலாம் என்கிறது. அதே ஆவணம் மலேயா, சுமத்ரா, ஜாவா, போர்னியோ, செலிபெஸ் ஆகியவை ஜப்பானியப் பேரரசின் நிலம், முக்கியமான மூலப்பொருள்கள் கிடைக்கும் இடம் என்று முடிவு செய்கிறது. இதை இப்போதைக்கு வெளியிட வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்கிறது.

நவம்பர் 5, 6 தேதிகளில் அந்த மாநாடு நடந்தது. பிரதமர் தோஜோ தலைமை. மஞ்சூரியாவில் ஜப்பான் அமைத்த பொம்மை அரசான மஞ்சுகுவோ, சீனாவில் ஜப்பான் ஆதரவில் இருந்த வாங் ஜிங்வேயின் நான்ஜிங் அரசு, தாய்லாந்து, பிலிப்பைன்ஸ், பர்மா ஆகியவற்றின் பிரதிநிதிகள் வந்தார்கள். சுபாஷ் சந்திர போஸ் பார்வையாளராக அமர்ந்திருந்தார். மாநாட்டின் கூட்டறிக்கை சுதந்திரத்தையும் இறையாண்மையையும் மதிப்போம், ஒருவர் மரபை மற்றவர் போற்றுவோம், இனப் பாகுபாட்டை ஒழிப்போம் என்கிறது. ஜாவாவிலிருந்தும் மலேயாவிலிருந்தும் யாரையும் அழைக்கவில்லை.

இந்த இரண்டு தாள்களையும் ஜெராக்ஸ் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொடுங்கள். நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம், வரி வரியாக ஒப்பிடச் சொன்னால் போதும். மூன்றாவது தாளாக 1941 நவம்பர் 20 தேதியிட்ட, தெற்குப் பகுதி நிர்வாகக் கொள்கையைச் சேர்க்கலாம். போர் ஆரம்பிப்பதற்கு முன்பே எழுதியது. மூலப்பொருளை விரைவாகக் கைப்பற்ற வேண்டும், உள்ளூர் மக்களுக்கு நேரும் கஷ்டத்தை அவர்கள் பொறுத்துக்கொள்ளும்படி செய்ய வேண்டும், சுதந்திர இயக்கங்களை அவசரப்பட்டுத் தூண்டிவிடக் கூடாது என்று அதில் இருக்கிறது. விடுதலைக்காகத்தான் வந்தார்களா என்ற கேள்விக்கு அவர்களே தங்களுக்குள் எழுதிவைத்த பதில் இது.

1943 அக்டோபரில் நடந்தவற்றையும் கரும்பலகையில் எழுதுங்கள். 17ஆம் தேதி, ஜப்பானியர் போட்ட சயாம் (தாய்லாந்து)–பர்மா ரயில் பாதையின் இரு முனைகளும் காட்டுக்குள் கொன்கொய்தாவில் இணைந்தன. நான்கு நாள் கழித்து 21ஆம் தேதி சிங்கப்பூரில் போஸ் ஆசாத் ஹிந்த் (சுதந்திர இந்தியா) அரசை அறிவித்தார். சயாம் மரண ரயில் என்று மலேசியத் தமிழர் சொல்லும் அந்த 415 கிலோமீட்டர் பாதையில் வேலை செய்த போர்க்கைதிகள் சுமார் 60,000 பேர். அவர்களில் 12,000க்கும் மேல் இறந்தார்கள். காஞ்சனபுரி கல்லறைத் தோட்டத்தில் பெயர், படைப்பிரிவு, தேதியோடு அவர்களில் பலருக்குக் கல் இருக்கிறது. ஆசியத் தொழிலாளர்களில் இறந்தோரை 70,000 என்றும் ஒரு லட்சம் என்றும் வேறுவேறாகச் சொல்கிறார்கள். பால்மரத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள், பர்மியர், ஜாவாக்காரர், மலாய்க்காரர். ரப்பர் ஏற்றுமதி நின்று தோட்டத்தில் பட்டினி. கூலியும் அரிசியும் தருகிறோம், சில மாதத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லிச் சிலரைக் கூட்டிப்போனார்கள், பலரை லாரியில் பிடித்துப்போட்டுப் போனார்கள். 1943 மழையில் காலரா வந்தபோது, கைதிகளின் முகாமில் ராணுவ டாக்டர்களாவது இருந்தார்கள். தொழிலாளர் முகாம்களில் பெரும்பாலும் அதுவும் இல்லை. எண்ணிக்கை இவ்வளவு தடுமாறுவதற்குக் காரணம் அவர்கள் பெயரை யாரும் ஒழுங்காக எழுதிவைக்கவில்லை என்பதுதான். வரலாறு படிக்கிற பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும்.

ராதாபினோத் பால் விஷயத்தில் உங்கள் மாணவர் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். 1948இல் அவர் தனித் தீர்ப்பு எழுதி, குற்றம் சாட்டப்பட்ட அத்தனை பேரையும் விடுவிக்க வேண்டும் என்றது உண்மை. ஆனால் அவர் வாதம் சட்டத்தைப் பற்றியது. செயல் நடந்தபோது இல்லாத குற்றத்தைப் பின்னால் உருவாக்கித் தண்டிக்க முடியாது, ஆசியாவைப் பங்குபோட்டு வைத்திருந்த நாடுகள் ஆக்கிரமிப்பு என்ற பெயரில் இன்னொரு நாட்டை விசாரிப்பது நீதியாகாது என்றார். நான்ஜிங் உள்ளிட்ட கொடுமைகள் நடந்தன என்பதற்குச் சாட்சியம் மிக வலுவாக இருக்கிறதென்று அதே தீர்ப்பில் எழுதினார். ஜப்பானின் போர்களில் இறந்தவர்களுக்கான யசுகுனி கோயில் வளாகத்தில் 2005இல் அவருக்கு நினைவுக்கல் வைத்தவர்கள் இந்த இரண்டாவது பாதியைப் பெரிதாகச் சொல்வதில்லை.

நம் பாடத்திட்டத்தின் பெரிய குறை என்று நான் நினைப்பது, அதில் ஜப்பான் ஒரே ஆள்போல் வருவதுதான். ஜப்பான் நினைத்தது, ஜப்பான் தாக்கியது, ஜப்பான் சரணடைந்தது. உள்ளே மனிதர்களே இல்லாத மாதிரி. 1921இலேயே இஷிபாஷி தன்சான் என்ற பத்திரிகையாளர், கொரியா, தைவான், மஞ்சூரியா எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள், அவற்றால் நமக்கு லாபமே இல்லை என்று வர்த்தகப் புள்ளிவிவரத்தோடு எழுதினார். பின்னாளில், 1956 டிசம்பரில், பிரதமரானார். 1940 பிப்ரவரி 2 அன்று நாடாளுமன்றத்தில் சைட்டோ தகாவோ எழுந்து, சீனப் போருக்கு முடிவு எது, புனிதப் போர் என்ற பெயருக்குப் பின்னால் ஜனங்களின் தியாகத்தை மறைக்கிறீர்களே என்று கேட்டார். அவர் பேரரசை எதிர்த்தவர் இல்லை. அரசிடம் கேள்வி மட்டும்தான் கேட்டார். பேச்சின் பெரும்பகுதியை அவைக்குறிப்பிலிருந்து நீக்கினார்கள். மார்ச்சில் அவரையே நீக்கினார்கள். எதிர்த்து வாக்களித்தவர்கள் 7 பேர். 1942 தேர்தலில் அரசின் பரிந்துரை இல்லாமலே ஹ்யோகோவில் நின்று ஜெயித்தார்.

இயெநாகா சபுரோவைக் கட்டாயம் சொல்லுங்கள். போர்க்காலத்தில் ஆசிரியராக இருந்து, எதிர்க்காமல் இருந்துவிட்டோமே என்று வருந்தியவர். தன் பள்ளிப் பாடப்புத்தகத்தில் அரசு கைவைத்ததை எதிர்த்து 1965இல் முதல் வழக்குப் போட்டார். கடைசி வழக்கின் தீர்ப்பு 1997இல் வந்தது. சீனாவில் மனிதர்கள்மேல் கிருமிச் சோதனை நடத்திய 731ஆம் பிரிவைப் பற்றிய பகுதியை நீக்கச் சொன்னது சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. மற்ற பல கோரிக்கைகளில் அவர் தோற்றார். ஜப்பானைக் குறை சொன்னால் ஜப்பானிய வெறுப்பு என்று நினைக்கிற மாணவருக்கு இவரைக் காட்டுங்கள்.

படங்களைப் பற்றிக் கேட்டீர்கள். நான்ஜிங் படங்களை முதல் வகுப்பில் காட்டாதீர்கள். படத்தைப் பார்த்ததும் கண்ணை மூடுவார்கள், அல்லது போனில் எடுத்துக்கொள்வார்கள். இரண்டிலும் படிப்பு நின்றுவிடும். முதலில் சாட்சியங்களை வாசிக்கட்டும். ஹிரோஷிமாவையும் அப்படியே. அணுகுண்டு விழுந்த 1945ஆம் ஆண்டு முடிவதற்குள் அங்கே இறந்தவர்கள் சுமார் 1,40,000 பேர். அவர்களில் வேலைக்கென்று கொண்டுவரப்பட்ட கொரியர்களும் உண்டு. 1970இல் கொரியர்களுக்கு எழுப்பிய நினைவுச்சின்னம் அமைதிப் பூங்காவுக்கு வெளியே இருந்தது. உள்ளே வர 1999 ஆனது. ஹிரோஷிமாவின் உஜினா துறைமுகத்திலிருந்துதான் 1894 முதல் படைகள் கப்பலேறின என்பதையும் சொல்லுங்கள். குண்டுக்கு நியாயம் தேடுவதற்காக இல்லை. வெந்துபோன குழந்தைக்கு உஜினா எதற்கும் பதில் ஆகாது. நகரத்தின் முழு வரலாறும் மாணவருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

ஐ.என்.ஏ. குடும்பத்துப் பையனைத்தான் கடைசியாகச் சொல்கிறேன். அவரை வகுப்பில் எழுப்பி, கொள்ளுத்தாத்தாவுக்குப் பதில் சொல்லும்படி யாரும் நிறுத்தக் கூடாது. தோட்டத்திலிருந்து ஐ.என்.ஏ.வில் சேர்ந்த தமிழர்களும், ஜான்சி ராணி படையில் துப்பாக்கி பிடித்த பெண்களும் யாருடைய அடியாட்களும் இல்லை. கூலி லயத்தில் பிறந்த ஒரு பெண்ணுக்கு அந்தச் சீருடை எதைக் கொடுத்தது என்பதை நாம் மரியாதையோடு புரிந்துகொள்ள வேண்டும். ஜப்பானியரோடு அவர்களுக்கு உரசலும் இருந்தது. முதல் ஐ.என்.ஏ.வை நடத்திய மோகன் சிங், படையை யார் ஆள்வது என்ற தகராறில் 1942 டிசம்பரில் ஜப்பானியர்களாலேயே கைது செய்யப்பட்டார். இதையெல்லாம் அவரிடம் தனியாகச் சொல்லுங்கள்.

பிறகு இன்டர்னல் மதிப்பெண்ணுக்கு வழக்கமான அசைன்மென்ட்டுக்குப் பதிலாக ஒரு வேலை கொடுங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, கொள்ளுத்தாத்தா எந்தத் தோட்டம், எந்த மாதம் சேர்ந்தார், அதே தோட்டத்திலிருந்து ரயிலுக்குப் போனவர்கள் யாராவது உண்டா, ஊருக்குத் திரும்பியது எப்போது என்று எழுதி வரட்டும். கடிதமோ பழைய பாஸ்போர்ட்டோ இருந்தால் நகலெடுத்துக்கொள்ளட்டும். யாருக்கும் எதுவும் ஞாபகம் இல்லையென்றால், இல்லை என்றே எழுதட்டும், அதற்கும் மதிப்பெண் உண்டு. அவர் சம்மதித்தால் எனக்கும் ஒரு பிரதி அனுப்பிவையுங்கள்.

அன்புடன்