இஎம்எல் கோப்பில் பிடிஎஃப் காணாமல் போவது
வணக்கங்கண்ணா. திருப்பூர் பனியன் கம்பெனி இன்வாய்ஸை பைத்தானின் இமெயில் லைப்ரரியில் இஎம்எல் கோப்பாக (ஒரு மின்னஞ்சலை அப்படியே சேமிக்கிற கோப்பு) எழுதினால், பிடிஎஃப் வராமல் பவுண்டரி வரிகள் (மின்னஞ்சலின் பகுதிகளைப் பிரிக்கிற அடையாள வரிகள்) கடிதத்துக்குள்ளேயே தெரிகின்றன என்கிறீர்கள். பிடிஎஃப் இணைப்பில் கோளாறு இல்லைங்க, கோப்பைத் திறக்கிற இடத்தைப் பாருங்கள். நீங்கள் போட்டிருக்கிற எஸ்எம்டிபி பாலிசி (மின்னஞ்சல் அனுப்பும் முறைக்கேற்ற அமைப்பு) ஒவ்வொரு வரி முடிவிலும் சிஆர், எல்எஃப் என்ற வரி முடிவுக் குறிகள் இரண்டையும் ஏற்கனவே வைத்துவிடுகிறது. விண்டோஸில் டெக்ஸ்ட் மோடில் எழுதும்போது இன்னொரு சிஆர் ஒட்டிக்கொள்ள, மெயில் மென்பொருள் அதை வெற்று வரி என்று எடுத்துக்கொண்டு ஹெடர் (அனுப்புநர், பொருள் போன்ற தலைப்பு வரிகள்) அங்கேயே முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறது. மின்னஞ்சலை எழுத்தாகத் தருகிற ஆஸ்_ஸ்ட்ரிங் வேண்டாம். பைட்டுகளாகத் தருகிற ஆஸ்_பைட்ஸ் எடுத்து, கோப்பை ‘டபிள்யூபி’ மோடில் (பைட்டுகளை மாற்றாமல் எழுதும் முறை) திறந்து எழுதுங்கள். அப்புறம், சேர்க்கிற வரிசையும் முக்கியம்: செட்_கண்டென்ட்டில் வெறும் எழுத்து, ஆட்_ஆல்டர்நேட்டிவில் எச்டிஎம்எல், அதற்குப் பிறகுதான் ஆட்_அட்டாச்மென்ட். பிடிஎஃப்பை முதலில் சேர்த்துவிட்டு ஆல்டர்நேட்டிவுக்குப் போனால் வேல்யூஎரர் என்ற பைத்தான் பிழை வரும்.