மூன்றாவது ஆண்டாக அதே பெயர்

கேள்வி: பெரிய சில்லறை விற்பனைக் கடை ஒன்றில் ஃப்ளோர் சூப்பர்வைசராக இருக்கிறேன். என் தளத்தில் 18 பேர் வேலை செய்கிறார்கள். பண்டிகை நாளிலும் கடை உண்டு. 10 பேராவது வந்தாக வேண்டும் என்பது நிர்வாகத்தின் உத்தரவு. ட்யூட்டி சார்ட் போடுவது நான். சென்ற பண்டிகைக்கு முந்தின நாள் மாலை பட்டியலை ஒட்டினேன். தொடர்ந்து மூன்றாவது ஆண்டாகத் தன் பெயர் அதில் இருப்பதைப் பார்த்த ஒரு பெண் ஊழியர், எதுவும் பேசாமல் பில்லிங் கவுண்டருக்குத் திரும்பிவிட்டார். திருமணமாகாதவர், குழந்தைகள் இல்லாதவர் என்பதால்தான் அவரைப் போட்டேன். அன்றிலிருந்து வேலையைத் தவிர வேறெதுவும் என்னிடம் அவர் பேசுவதில்லை. மேலிடத்து உத்தரவை நிறைவேற்றிய நான் செய்த தவறு என்ன?

பதில்: பண்டிகை நாளில் கடையைத் திறப்பதோ, 10 பேர் வேண்டும் என்பதோ உங்கள் முடிவு அல்ல, அதற்காக உங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த 10 பேர் யார் என்பதும், அது அவர்களுக்கு எப்போது தெரியவரும் என்பதும் உங்கள் கையில்தான் இருந்தன. பண்டிகை என்றைக்கு வருகிறது என்பது ஆண்டு பிறப்பதற்கு முன்பே நாட்காட்டியில் அச்சாகிவிடும்போது, பட்டியல் மட்டும் ஏன் முந்தின நாள் மாலைவரை காத்திருந்தது? முன்கூட்டியே ஒட்டினால் ஆளாளுக்கு வந்து கேட்பார்களே என்று நீங்கள் தயங்கியிருக்கலாம். அவர்கள் வந்து கேட்கட்டும் என்பதற்காகத்தானே அந்த அவகாசம்?

பத்திரிகைக்கு வருவதற்கு முன் நானும் ஒரு கடையில் ஸ்டாக் பிரிவில் நான்கு ஆண்டுகள் இருந்தவன். வருகைப் பதிவு இயந்திரத்துக்குப் பக்கத்தில் பட்டியல் ஒட்டியிருக்கும். ஒருமுறை, பண்டிகைக்கு முந்தின இரவு கிளம்பும்போது பார்த்தால், வேறொருவர் பெயரின் மேல் வெள்ளை மை பூசி, அது காய்வதற்குள் என் பெயரை எழுதியிருந்தார்கள். எழுத்துகள் ஓரங்களில் ஊறிப் பரவியிருந்தன. காரணம் கேட்டேன். "உனக்கென்ன, தனிக்கட்டைதானே" என்றார் மேலாளர். ஊரில் எனக்காகக் காத்திருந்த என் அம்மா அந்தக் கணக்கில் வரவே இல்லை. மறுநாள் நான் செய்த வேலை எனக்கு நினைவில்லை. அந்தச் சொல் மட்டும் இன்றும் மறக்கவில்லை. திருமணமாகாதவருக்கு வீடு இல்லை என்று நாம் எப்படி முடிவு செய்கிறோம்? வயதான பெற்றோர் இருக்கலாம், ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே வந்துபோகும் அண்ணன் இருக்கலாம். யாருமே இல்லாவிட்டாலும், அன்று கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவதற்கு மற்றவர்களுக்கு உள்ள அதே உரிமை அவருக்கும் உண்டு.

சட்டம் இதில் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. அமெரிக்காவில் 1938ஆம் ஆண்டின் கூட்டாட்சித் தொழிலாளர் சட்டம், விடுமுறை நாளில் வேலை செய்தவருக்குக் கூடுதல் ஊதியம் தரவேண்டும் என்று தனியார் முதலாளிகளைக் கட்டாயப்படுத்துவதில்லை. பல இடங்களில் அது நிறுவனத்தின் விதிகளையும் ஒப்பந்தத்தையும் பொறுத்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலுமோ, 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் கிறிஸ்துமஸ் அன்று திறக்கவே கூடாது என்று 2004ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்துவிட்டது. ஆகவே உங்கள் நாட்டின் கடைகள் சட்டத்தையும், உங்கள் ஊழியர்களின் நியமனக் கடிதத்தையும் முதலில் படித்துப் பாருங்கள்; சூப்பர்வைசர்களில் பலர் அந்தக் கடிதத்தைப் பிரித்துப் பார்ப்பதே இல்லை.

எந்த நாட்டுக்கும் பொதுவான அளவுகோல் ஒன்று வேண்டுமானால், வணிக நிறுவனங்களிலும் அலுவலகங்களிலும் வார ஓய்வு குறித்துப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1957இல் நிறைவேற்றிய 106ஆம் உடன்படிக்கையைச் சொல்வேன். ஏழு நாட்களுக்குள் தொடர்ச்சியாக 24 மணி நேரமாவது ஓய்வு வேண்டும் என்றும், வேலை நெருக்கடியை முன்னிட்டு அது தற்காலிகமாகப் பறிபோனால் ஈடாக அதே அளவு ஓய்வைத் தரவேண்டும் என்றும் அது கூறுகிறது. சிறுபான்மைச் சமயத்தவரின் மரபுகளை இயன்றவரை மதிக்கவேண்டும் என்ற வரியும் அதில் உண்டு. இது உங்கள் பட்டியலுக்கே உதவும்: அந்தப் பண்டிகை தமக்கு உரியதல்ல என்பவர்கள், தம் பண்டிகையன்று விடுப்புக் கிடைக்கும் என்ற உறுதி இருந்தால், தாமாகவே முன்வரக்கூடும். ஆனால் பெயரை வைத்து நீங்களே ஊகித்து எழுதிவிடாதீர்கள்; கேளுங்கள்.

அந்த ஈட்டு ஓய்வைத்தான் கடைகளில் 'காம்ப் ஆஃப்' என்கிறோம். "அப்புறம் எடுத்துக்கலாம்" என்று சொல்லப்படும் காம்ப் ஆஃப் பெரும்பாலும் அப்புறமும் கிடைப்பதில்லை. அடுத்த மாதம் தள்ளுபடி விற்பனை வரும், அதற்கடுத்த மாதம் ஸ்டாக் கணக்கெடுப்பு வரும், பிறகு காலாவதி என்பார்கள். எனவே யாரை எந்தப் பண்டிகைக்குப் போடுகிறீர்களோ, அதே பட்டியலில், அவர் பெயருக்கு நேராக, ஈட்டு நாளின் தேதியையும் எழுதிவிடுங்கள். பட்டியலை ஒரு மாதம் முன்பே ஒட்டுங்கள். யார் எந்த ஆண்டு எந்தப் பண்டிகைக்கு வந்தார் என்பதை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். மறுத்துப் பேசாதவர்களின் பெயரே அடிக்கடி வருவதை அந்த நோட்டு உங்களுக்குக் காட்டும் என்று நினைக்கிறேன்.

நிர்வாகத்திடம் வெறும் கோரிக்கையோடு போகவேண்டாம். பில் இயந்திரத்தில் மணிவாரியான விற்பனை பதிவாகியிருக்கும். சென்ற பண்டிகையன்று எந்தெந்த மணிகளில் கவுண்டர் காலியாக இருந்தது என்று எடுத்துக் காட்டி, கடைசி இரண்டு மணி நேரம் முன்னதாக மூட முடியுமா, முழு ஷிஃப்டை இரண்டு அரை ஷிஃப்டுகளாகப் பிரிக்க முடியுமா என்று கேளுங்கள். அன்று பேருந்துகள் குறைவாக ஓடும் என்பதையும், இரவில் கடையை மூடியபின் பெண் ஊழியர்கள் எப்படி வீடு திரும்புவார்கள் என்பதையும் கூடவே கேளுங்கள். அடுத்த பண்டிகையன்று நீங்களும் தளத்தில் இருங்கள். உங்கள் பெயர் அந்தப் பட்டியலில் இருந்ததா என்று கடிதத்தில் நீங்கள் சொல்லவில்லை.

அந்தப் பெண்ணிடம் மற்றவர்கள் இல்லாத நேரமாகப் பார்த்துப் பேசுங்கள். மேலிடத்தின் உத்தரவை அங்கே இழுக்காதீர்கள். "மூன்று ஆண்டுகளும் உங்கள் பெயரை எழுதியது நான்தான், உங்களைக் கேட்காமல் எழுதினேன், தவறு" என்று சொன்னால் போதும். அவர் உடனே பழையபடி பேசுவார் என்று எதிர்பார்க்காதீர்கள், பதிலுக்குக் காத்துக்கொண்டும் நிற்காதீர்கள். வரும் பண்டிகைக்கான விடுப்புச் சீட்டில் தேதியிட்டு, கையெழுத்துப் போட்டு, கையோடு எடுத்துச் செல்லுங்கள்.