எம்மலோர்ட் என்ற பெயர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நெதர்லாந்தில் ஸ்வொல்லே நகரில் மூன்று ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். இங்கே எனக்குப் பெரிதாக நண்பர்கள் இல்லை. விடுமுறை நாட்களில் காம்பன் வரை ரயிலில் போய், அங்கிருந்து சைக்கிளில் நோர்ட்ஓஸ்ட்போல்டர் பக்கம் சுற்றுவேன். போல்டர் என்றால் கரை கட்டி, நீரை இறைத்து எடுத்த நிலம். நடுவில் எம்மலோர்ட் என்ற ஊர், அதைச் சுற்றிப் பத்து கிராமங்கள். எல்லாம் நேர்க்கோட்டுச் சாலைகள், ஒரே மாதிரிப் பண்ணை வீடுகள். எண்பது ஆண்டுகளுக்கு முன்னால் கடலாக இருந்த இடம். ஆயிரம் ஆண்டுக் கோயில் உள்ள ஊரில் பிறந்த எனக்கு இது வரலாறே இல்லாத ஊராகத் தெரிகிறது. ஆனாலும் இந்தக் கிராமங்களைப் பற்றித் தமிழில் ஒரு தொடர் எழுத ஆசை. ஊருக்கு ஒன்றாகப் பத்து அத்தியாயங்கள் என்று திட்டம். எங்கிருந்து தொடங்கலாம்? டச்சுக்காரர்கள் பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் இருந்ததோடு இணைத்து எழுதினால் நம் வாசகர்களுக்கு நெருக்கமாக இருக்குமா? டச்சு மொழி தெரியாமல் இதைச் செய்ய முடியுமா?

ம.

அன்புள்ள ம.,

கொஞ்ச நாட்களாகவே எனக்கு ஸ்கோக்லாண்ட் என்ற பழைய தீவின் நினைவாக இருக்கிறது. அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது. நீங்கள் சைக்கிளில் போகும் வழியில்தான் அது இருக்கிறது. காம்பனிலிருந்து என்ஸ் கிராமத்துக்குப் போகிறவர் அதைப் பார்க்காமல் திரும்பியிருக்க முடியாது. ஆனால் உங்கள் கடிதத்தில் அந்தப் பெயரே இல்லை. அதுதான் முதலில் உறுத்தியது.

நாகப்பட்டினத்தை விட்டுவிடுங்கள். ஹோர்ன், என்க்ஹௌசன் துறைமுகங்களின் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் இதே கடல் வழியாகத்தான் சோழமண்டலக் கரைக்கு வந்தன, உண்மைதான். அது வேறு கதை. உருளைக்கிழங்கு பயிரிடும் ஒரு விவசாயியின் கதையைச் சொல்ல நமக்கு ஒரு கோட்டையும் கல்லறையும் துணைக்கு வேண்டாம். நல்ல வாசகன் எந்த ஊர்க்காரனோடும் நெருங்கிவிடுவான்.

சரி, 'வரலாறே இல்லாத ஊர்' என்று எழுதிவிட்டீர்கள். இந்த வார்த்தை எனக்குக் கோபத்தை வரவழைத்தது, மறைக்க விரும்பவில்லை. நம்மில் பலருக்கு இந்தப் பழக்கம் இருக்கிறது. கல்வெட்டு இருந்தால்தான் வரலாறு, ராஜா வந்து போயிருந்தால்தான் ஊர். ஆயிரம் ஆண்டுக் கோயில் உள்ள ஊரில் பிறந்தது உங்கள் உழைப்பு இல்லை. பிறந்த ஊரின் வயதை வைத்து இன்னொருவன் ஊரை அளக்காதீர்கள்.

நீங்கள் சுற்றும் அந்த ஊரின் பெயரையே எடுத்துக்கொள்வோம். எம்மலோர்ட். 1940களில் வரைபடத்தில் வைத்த பெயர் என்று நினைத்துவிட்டீர்கள். இல்லை. அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர்கள் வேறு ஆட்கள்.

ஸ்கோக்லாண்ட் அப்போது சாய்டர்சே கடலில் ஒரு தீவு. ஒடுங்கி நீண்ட ஒரு துண்டு நிலம். ஒவ்வொரு புயலுக்கும் கடல் அதைக் கொஞ்சம் தின்றது. மக்கள் மண்ணைக் கொட்டி மேடு எழுப்பி, அந்த மேடுகளின் மேல் நெருக்கியடித்து வீடு கட்டி வாழ்ந்தார்கள். வடக்கு மேட்டின் பெயர் எம்மலோர்ட். அங்கே கத்தோலிக்கர்கள். தெற்குப் பக்கம் என்ஸ், அது சீர்திருத்தச் சபைக்காரர்களுடையது. மேடுகளுக்கு நடுவே நிலம் சேறாகக் கிடக்கும். அதனால் ஒடுக்கமான பலகைப் பாதை போட்டிருந்தார்கள். எதிரெதிரே இருவர் வந்தால் ஒருவரை ஒருவர் தோளில் பிடித்துக்கொண்டு, அப்படியே ஒரு சுற்றுச் சுற்றி இடம் மாறித்தான் கடக்க முடியும் என்று கதை சொல்வார்கள். வேறு சபைக்காரனாக இருந்தாலும் அந்தப் பலகையில் தோளைப் பிடித்துத்தான் ஆக வேண்டும். எனக்கு அந்தத் தீவில் மிகவும் பிடித்த காட்சி இதுதான். நான் பார்த்ததில்லை, பார்த்த மாதிரியே இருக்கிறது.

1859இல் அரசர் மூன்றாம் வில்லெம் உத்தரவின்படி தீவு காலி செய்யப்பட்டது. கரையைப் பாதுகாக்க ஆகும் செலவு தாங்கவில்லை, மக்களும் பரம ஏழைகள். அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள். இழப்பீடு கொடுத்தார்கள், வீடுகளை இடிக்கச் சொன்னார்கள். அவர்கள் காம்பனுக்கும் வோலண்டாமுக்கும் இன்னும் பல கரையோர ஊர்களுக்கும் சிதறினார்கள். விளக்கையும் துறைமுகத்தையும் பார்த்துக்கொள்ளச் சில அரசு ஊழியர்கள் மட்டும் மிஞ்சினார்கள்.

அப்புறம் 1932இல் அந்தக் கடலின் வாயையே 32 கிலோமீட்டர் அணையால் அடைத்தார்கள். பொறியாளர் கொர்னேலிஸ் லேலியின் திட்டம். 1940 டிசம்பரில், ஜெர்மானியப் படை நாட்டைப் பிடித்திருந்த நேரத்தில், நோர்ட்ஓஸ்ட்போல்டரைச் சுற்றிய கரை மூடப்பட்டது. மூன்று இடங்களில் இருந்த நீரேற்று நிலையங்கள் இறைத்து இறைத்து, 1942 செப்டம்பரில் நிலம் வறண்டுவிட்டதாக அறிவித்தார்கள். ஏறக்குறைய 48,000 ஹெக்டேர் கடல் தரை வெளியே வந்தது. ஸ்கோக்லாண்ட் தீவு அதன் நடுவே ஒரு மேடாக நின்றுபோயிற்று.

இனி நடந்ததைத்தான் நீங்கள் முதல் அத்தியாயமாக எழுத வேண்டும். புதிய நிலத்தின் நடுவில் ஒரு நகரம், சுற்றிலும் ஒரு வளையமாகப் பத்து கிராமங்கள் என்று திட்டமிட்டார்கள். நகரத்துக்கு எம்மலோர்ட் என்று பெயர் வைத்தார்கள். ஒரு கிராமத்துக்கு என்ஸ் என்று வைத்தார்கள். அதாவது, இங்கே மனிதர் வாழ முடியாது என்று எந்த ஊர்க்காரர்களை வெளியேற்றினார்களோ, அவர்களுடைய ஊர்ப் பெயர்களை எண்பத்துச் சொச்சம் ஆண்டுகள் கழித்து எடுத்து, புதிதாக வந்தவர்களுக்குக் கொடுத்தார்கள். இதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, பழைய பெயர் அழியக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். நாகலே கிராமத்துக்கும் நீரில் மூழ்கிய ஒரு பழைய ஊரின் பெயர்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள். காம்பனில் மீனவத் தெருவில் பிறந்த ஒரு ஸ்கோக்லாண்ட் பேரன், தன் தாத்தா வீடு இடிக்கப்பட்ட ஊரின் பெயரை ஒரு புதிய நகரத்தின் வழிகாட்டிப் பலகையில் படிக்கிறான். அவனுக்கு எப்படி இருந்திருக்கும்? பெருமையாக இருந்ததா? வயிற்றைப் பிசைந்ததா? இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு நீங்கள் முழுத் தொடரையும் எழுதிவிடலாம். அந்த வம்சாவளியினர் இன்றும் சங்கம் வைத்துச் சந்திக்கிறார்கள். ஊர் போய்விட்டது, ஆட்கள் தங்களை அந்த ஊர்க்காரர்கள் என்றே சொல்லிக்கொள்கிறார்கள். இதை வரலாறு இல்லை என்கிறீர்களா?

நான் பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நவம்பரில் அங்கே போயிருந்தேன். பழைய எம்மலோர்ட் துறைமுகம் இன்றும் இருக்கிறது, திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். வரிசையாக நட்ட மரக்கம்பங்கள், படகு அணையும் மேடை, விளக்குக்காரர் வீடு. எல்லாம் இருக்கிறது, தண்ணீர் மட்டும் இல்லை. படகு நிற்க வேண்டிய இடத்தில் புல். மழை தூறிக்கொண்டிருந்தது. அந்த மேடையின் விளிம்பில் நின்று குனிந்து பார்த்தபோது, ஒரு கம்பத்தின் ஈரமான அடியில் நத்தை ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. நீங்கள் போனால் அந்த விளிம்பில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். ஸ்கோக்லாண்ட்தான் 1995இல் நெதர்லாந்தின் முதல் உலகப் பாரம்பரியக் களமாக யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. கடல் போனபின் அந்த மேட்டுக்கு வந்த ஆபத்து என்ன தெரியுமா? வறட்சி. மண் காய்ந்து, அமிழ்ந்து, உள்ளே இருக்கும் பழைய மரமும் எலும்பும் மக்கத் தொடங்கின. அதனால் பக்கத்து நிலத்தில் நீர்மட்டத்தை வேண்டுமென்றே உயர்த்தி வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பயணத்தில் காம்பனில் ஒரு மூதாட்டி வீட்டில் தங்கினேன். காலைச் சாப்பாட்டு மேசையில் அவர் சொன்ன ஒரு விஷயத்தை நான் இதுவரை எங்கும் எழுதவில்லை.

முதலில் பின்னணி. போல்டர் நிலம் அப்போது அரசுக்குச் சொந்தம். 800 மீட்டருக்கு 300 மீட்டர் என்று மனை பிரித்து, அதாவது 24 ஹெக்டேரை ஓர் அளவாக வைத்து, குத்தகைக்கு விட்டார்கள். விண்ணப்பித்தவர்கள் மிக அதிகம், பண்ணைகள் கொஞ்சம். எனவே ஆள் தேர்வு நடந்தது. கையில் முதல் எவ்வளவு, விவசாய அனுபவம் என்ன, எந்தச் சபை, குடும்பம் எப்படி என்று எல்லாவற்றையும் பார்த்தார்கள். அதிகாரிகள் விண்ணப்பித்தவர் வீட்டுக்கே போனார்கள். மனைவி வீட்டை எப்படி வைத்திருக்கிறாள் என்பதும் தேர்வில் சேர்த்தி.

மூதாட்டிக்கு அப்போது ஒன்பது வயது. அப்பா விண்ணப்பம் போட்டுவிட்டார். அதிகாரி என்றைக்கு வருவார் என்று தெரியாது. அதனால் அம்மா தினமும் விடிவதற்கு முன் எழுந்து தரையைத் தேய்த்தாராம், வாரக்கணக்கில். கடைசியில் அவர் வந்த அன்று தம்பிக்கு காய்ச்சல், பாத்திரங்கள் கழுவாமல் கிடந்தன. வந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். காப்பி குடித்தார். கொட்டகையில் கருவிகள் மாட்டியிருந்த விதத்தைப் பார்த்தார். சமையலறை வாசலில் சற்று நின்றார், அவ்வளவுதான். பிறகு கடிதம் வந்தது. தேர்வாகவில்லை. காரணம் எழுதவில்லை. முதல் போதாமல் இருந்திருக்கலாம், வேறு எதுவாகவும் இருந்திருக்கலாம். ஆனால் அம்மா அந்தப் பாத்திரங்கள்தான் காரணம் என்று சாகும்வரை நம்பினார். மூதாட்டி இதைச் சொல்லிக்கொண்டே எழுந்துபோய், நான் சாப்பிட்ட தட்டைக் கழுவி, துடைத்து, அடுக்கில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். நான் இன்னும் காப்பியை முடிக்கவில்லை.

அந்தக் கிராமங்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் முன்னோடிகள் என்றே தொடங்குவார்கள். அவர்களைக் குறைத்துச் சொல்லவில்லை. தங்கும் கொட்டகைகளில் கிடந்து, சேற்றில் நின்று கையால் வாய்க்கால் வெட்டியவர்கள் அவர்கள். போரின்போது ஜெர்மனிக்கு வேலைக்குப் பிடித்துக்கொண்டு போகாமல் தப்பிக்க ஏராளமான இளைஞர்கள் அங்கே வந்து ஒளிந்தார்கள். போல்டரின் பெயரை என்.ஓ.பி. என்று சுருக்கி, அந்த எழுத்துகளுக்கு டச்சு மொழியில் 'நெதர்லாந்தில் ஒளிந்திருப்போரின் சொர்க்கம்' என்று விரிவு சொன்னார்கள். 1944 நவம்பரில் அந்தச் சொர்க்கத்தைச் சுற்றிவளைத்து, ஏறத்தாழ 1,800 பேரைப் பிடித்துப் போனார்கள். பின்னால் கடல் உடைத்து நிலம் பறிகொடுத்த ஸேலாண்ட் விவசாயிகளும் வந்தார்கள். இதெல்லாம் ஆவணங்களில் இருக்கிறது, நீங்களே தேடி எடுத்துக்கொள்வீர்கள். ஆனால் அரசு ஆள் பார்த்துக் குடியமர்த்திய ஊருக்கு இரண்டு பட்டியல் உண்டு. உள்ளே வந்தவர்கள் பட்டியல் ஒன்று. வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் பட்டியல் இன்னொன்று. இரண்டாவது பட்டியல் அந்த ஊரில் கிடைக்காது. காம்பனில் கிடைக்கும், உங்கள் ஸ்வொல்லேயில் கிடைக்கும், உங்கள் அடுத்த வீட்டில்கூடக் கிடைக்கலாம். ஊர் வரலாறு என்றால் ஊருக்குள் மட்டும் தேடுவது என்று நினைக்காதீர்கள்.

பத்து கிராமங்களுக்குப் பத்து அத்தியாயம் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் சமமாக இடம் ஒதுக்கினால் எல்லாம் ஒன்றுபோல ஆகிவிடும். கிராமங்களுக்கு இடையிலான தூரத்தையே சைக்கிள் மிதித்துப் போய்வரும் கணக்கில்தான் வைத்தார்கள். கார் வந்தது, டிராக்டர் வந்தது, பண்ணைக் கூலிகள் குறைந்தார்கள், கிராமங்கள் நினைத்த அளவுக்கு வளரவே இல்லை. அடுத்த போல்டரில் கிராமங்களின் எண்ணிக்கையையே வெகுவாகக் குறைத்துவிட்டார்கள். இதற்கு ஓர் அத்தியாயம் போதும். நாகலேவுக்குத் தனியாக ஒன்று எழுதலாம். ரீட்ஃபெல்ட், ஆல்டோ வான் ஐக் போன்ற நவீனக் கட்டடக்காரர்கள் சேர்ந்து திட்டமிட்டு, எல்லா வீட்டுக்கும் தட்டைக் கூரை போட்ட கிராமம் அது. நடுவில் பெரிய புல்வெளி, அங்கேயே தேவாலயங்களும் பள்ளிகளும். கட்டடத்தைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். நீங்கள் அந்தக் கூரைக்கு அடியில் குடியிருந்தவர்களைக் கேளுங்கள்.

1962 ஜூலையில்தான் நோர்ட்ஓஸ்ட்போல்டர் முறையான நகராட்சி ஆனது. அதுவரை மேலிருந்து நியமித்த நிர்வாகம். மக்கள் தாங்களே தேர்ந்தெடுத்த மன்றம் முதல்முறை கூடிய நாளைப் பற்றி அங்கே யாராவது வயதானவர் ஒரு வரியாவது சொல்வார், விடாதீர்கள்.

மொழியைக் கேட்டிருந்தீர்கள். கற்றுக்கொள்ளுங்கள், வேறு வழி இல்லை. மூன்று ஆண்டு இருந்துவிட்டு இன்னும் கேள்வியாகவே வைத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நண்பர்கள் இல்லை என்று ஒரு வரி எழுதி, சட்டென்று அடுத்ததற்குப் போய்விட்டீர்கள். அந்த வரியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். திக்கித் திக்கிப் பேசும் அந்நியனுக்கு வயதானவர்கள் பொறுமையாகப் பதில் சொல்வார்கள், இது என் அனுபவம். அந்த முதல் பண்ணைகளுக்கு அப்பா அம்மாவோடு வண்டியில் வந்திறங்கிய குழந்தைகளுக்கு இப்போது எண்பது வயது ஆகிவிட்டது. குளிர்காலம் முடியட்டும் என்று காத்திருக்காமல் இந்தச் சனிக்கிழமையே என்ஸுக்குப் போங்கள். தேவாலய வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு, யாராவது வெளியே வந்தால், இந்த ஊருக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது என்று மட்டும் கேளுங்கள்.