அண்ணன் கடையில எழுதிக்குவாங்க

அன்புள்ள அக்கா,

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் நாற்பது வருடம் மளிகைக் கடை வைத்திருந்த என் அப்பா சில மாதங்களுக்கு முன் தவறிவிட்டார். முதலாண்டு நினைவுநாளுக்கு ஒரு மலர் போடுகிறோம். ‘வள்ளல்’ என்று தலைப்பு வைக்கலாம் என்கிறார் அண்ணன். கடையை ஒழித்தபோது இரண்டு பிஸ்கட் டின் நிறைய 555 கடன் கணக்கு நோட்டுகள் கிடைத்தன, எல்லாம் திரும்பி வராத கடன். பாக்கி வைத்தவர்களின் பட்டியலை மலரில் போட்டால்தான் அப்பாவின் மனசு ஊருக்குத் தெரியும் என்பது அண்ணன் கட்சி. அம்மா எரித்துவிடச் சொல்கிறார். கொடுத்துக் கொடுத்தே ஒருமுறை அம்மாவின் சங்கிலி அடகுக்கடைக்குப் போனது. எங்களை ஒருநாள் பங்கோர் தீவுக்குக்கூட அப்பா கூட்டிப்போனதில்லை. ‘குடும்பத்துக்காகவே வாழ்ந்தவர்’ என்று நான் எழுதினால் அது பொய்யாகிவிடுமா? நம் ஊரென்றாலே 1948-இல் வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார் சுடப்பட்ட கதையைத்தான் எழுதுகிறார்கள். இப்படி ஒரு மனிதர் இருந்தார் என்பதும் தெரிய வேண்டாமா?

ம.

அன்புள்ள தம்பி,

அப்பா போன செய்தியை எனக்கு யாருமே சொல்லவில்லை. உங்கள் கடிதத்தில்தான் தெரிந்தது, அன்றைக்கு வேறு வேலை ஓடவில்லை. எனக்கு அவர் கடைக்கார மாமா. நாங்கள் ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், ஏழாவது லயத்தில் இருந்தவர்கள், உங்கள் கடைக்கு வாரம் ஒருமுறை அம்மாவோடு நடந்து வருவேன். வாசலில் காய்ந்த மிளகாயும் கருவாடும் மண்ணெண்ணெயும் கலந்த அந்த வாசனை இதை எழுதும்போதும் வருகிறது.

மலரின் அட்டை, யாரிடம் வாழ்த்துரை வாங்குவது, எத்தனை பக்கம், இதெல்லாம் உங்கள் விருப்பம். 1948 ஜூன் 16 நடந்ததுதான், அதிலிருந்து 12 வருடம் கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் இருந்தது, அதை எழுதத்தான் செய்வார்கள். அதற்குப் போட்டியாக அப்பாவைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டாம்.

ஆனால் அந்தப் பட்டியல் விஷயத்தைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்துவிட்டது. உங்கள் அண்ணனிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள், ஒரு பெயரும் வெளியே வரக்கூடாது. நாற்பது வருடம் உங்கள் அப்பா பொத்திப் பொத்திக் காப்பாற்றியதை நீங்கள் ஆர்ட் பேப்பரில் அச்சடித்து ஊருக்குக் கொடுப்பீர்களா?

கடை எப்படி நடந்தது என்று உங்களுக்குத் தெரியாததில்லை, ஆனால் நீங்கள் கல்லாப்பெட்டிக்கு அந்தப் பக்கம் இருந்தவர். இந்தப் பக்கம் நின்றவள் சொல்கிறேன். பட்டை நனைந்திருந்தால் ரப்பர் மரத்தில் பால் வெட்ட முடியாது, பால் கோட்டில் நிற்காமல் மரமெல்லாம் வழிந்துவிடும். வெட்டி முடித்த பிறகு மழை பிடித்தால் பால் பிடிக்கிற மங்கில் இருக்கிறதும் போச்சு. அக்டோபர், நவம்பரில் மழை விடாது, தீபாவளியும் அப்போதுதான் வரும். அது முடிந்து மூச்சு விடுவதற்குள் ஜனவரியில் பள்ளிக்கூடம் திறந்துவிடும், சட்டை, சப்பாத்து, புத்தகப்பை. அதைச் சமாளித்து நிமிர்ந்தால் ரப்பர் மரம் இலை கொட்ட ஆரம்பிக்கும், பால் குறையும். வருடத்தில் கிட்டத்தட்ட பாதி நாள் எங்கள் வீட்டு அடுப்பு உங்கள் அப்பாவின் பென்சிலால்தான் எரிந்தது.

உள்ளங்கை அளவு நோட்டு, அட்டையில் பெரிதாக 555. மலாய்க்காரர்கள் புக்கு தீகா லீமா என்பார்கள். எங்களிடம் ஒன்று, கடையில் ஒன்று. எங்களுடையதை அம்மா பிளாஸ்டிக் பையில் சுற்றி அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருப்பார். கடையில் மற்றவர்கள் வாங்கிப் போகும்வரை கருவாட்டுக் கூடைப் பக்கமாக ஒதுங்கி நிற்பார். மாமா அதைக் கவனித்துவிட்டு, எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, “என்ன தங்கச்சி, போன வாரம் வாங்கின வெங்காயம் நல்லா இருந்துச்சா?” என்று கேட்பார். அப்புறம் அவரே அரிசி, பருப்பு, டின்பால் என்று எடுத்து வைத்துவிட்டுக் காதில் செருகியிருந்த பென்சிலை எடுப்பார். “எழுதிக்கவா?” என்று அம்மாவைக் கேட்க விட்டதே இல்லை.

ஒரு மழைக்காலத்தில் ஏதோ ஒரு சங்கத்துக்காரர்கள் மண்டபத்தில் இலவசமாக அரிசி கொடுத்தார்கள். மேடையில் ஏறி, பையைப் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நிற்க வேண்டும். அம்மா வரிசையில் பாதி வரை போய்விட்டு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு திரும்பிவிட்டார். வீட்டில் அன்றைக்கு அரிசி இல்லை. ஏம்மா என்று கேட்டதற்கு, “அங்க குடுத்தா வாங்கிக்கணும். அண்ணன் கடையில எழுதிக்குவாங்க” என்றார்.

தம்பி, இதுதான் நான் பல வருடமாக நினைத்துக்கொண்டிருந்தது, உங்கள் கடிதம் அதைக் கிளறிவிட்டது. உங்கள் அப்பா தானம் கொடுக்கவில்லை, கடன் கொடுத்தார். கடன் என்றால் நீ திருப்பிக் கொடுக்கக்கூடிய ஆள் என்று ஒருவர் நம்மை நம்புவது. சம்பளத்தன்று அம்மா 5 வெள்ளி (ரிங்கிட்) கொண்டுபோனால் அவர் அதை எண்ணி, கல்லாவில் போட்டு, நோட்டில் அடித்து, பாக்கியைச் சத்தமில்லாமல் சொல்வார். “இருக்கட்டும்மா, வேண்டாம்” என்று ஒருநாள் சொல்லியிருந்தால் அம்மா அதற்கப்புறம் அந்தப் படி ஏறியிருக்க மாட்டார். அமைச்சராக இருந்த நம் ஊர் துன் சம்பந்தனைப் பற்றிப் பேசும்போதும் எனக்கு இதே நினைப்புதான். வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, பால் வெட்டுகிறவர்களிடமே மாதம் 10 வெள்ளி கேட்டார். கையில் காசு இல்லாதவர்களிடம் போய்ப் பணம் கேட்பதா என்று தோன்றலாம். அந்த 10 வெள்ளியைக் கொடுத்ததால்தான் சங்கம் தோட்டம் வாங்கியபோது அது அவர்களுடையதாகவும் இருந்தது. மாமா எண்ணி வாங்கின 5 வெள்ளியையும் நான் அதோடுதான் சேர்ப்பேன். அதனால்தான் ‘வள்ளல்’ வேண்டாம் என்கிறேன். அந்தச் சொல்லுக்கு எதிரே யாராவது கைநீட்டி நிற்க வேண்டியிருக்கிறது, உங்கள் கடையில் யாரும் அப்படி நிற்கவில்லை.

பாக்கி வைத்தவர்கள் என்று அண்ணன் சொல்கிறாரே, அவர்கள் எங்கே போனார்கள் என்று யோசித்தாரா? ரப்பரை அழித்துச் செம்பனை நட்டார்கள், சில இடங்களில் வீடமைப்பு வந்தது, லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். ஈப்போ, கோலாலம்பூர், கிள்ளான் என்று ஆளுக்கொரு பக்கம் போனோம். ஒரு வாரத்தில் லாரி ஏறியவர்களில் எத்தனை பேர் கடைக்கு வந்து கணக்கு முடிக்க முடியும்? நாங்களும் முடிக்கவில்லை. அம்மா சாகும்வரை அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். கடனை ஏமாற்றிவிட்டு ஓடியவர்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தால் என்னால் தாங்க முடியாது.

அப்புறம் இன்னொன்று. ஈப்போ மொத்த வியாபாரிக்கு உங்கள் வீட்டில் தவணை தள்ள முடியாது, அதற்காகத்தானே அந்தச் சங்கிலி போனது? அப்படியென்றால் எங்களுக்குக் கடன் கொடுத்ததில் உங்கள் அம்மாவும் உண்டு. மலரில் அவருடைய படம் முதல் பக்கத்தில் இருக்கட்டும்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். பங்கோருக்குக் கூட்டிப்போகவில்லை, சரி. நீங்கள் இரண்டாம் வகுப்போ மூன்றாம் வகுப்போ இருக்கும், அரிசிச் சாக்கின் மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பீர்கள். மாமா எங்களுக்குப் பருப்பு நிறுத்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், “ஏழெட்டு?” என்பார். நீங்கள் “ஐம்பத்தாறு” என்பீர்கள். அவர் பொட்டலம் கட்டுவார். “எட்டொன்பது?” நீங்கள் யோசித்துக்கொண்டே இருப்பீர்கள், அவர் கையில் சணல் நூலைப் பிடித்தபடி, நாங்கள் நிற்பதையும் மறந்து, பதில் வரும்வரை முடிச்சுப் போடாமல் காத்திருப்பார். அதை எழுதுங்கள்.

நோட்டுகளை அம்மா சொல்கிறபடியே செய்யுங்கள், ஆனால் தீபாவளி வரை பொறுங்கள். நான் ஊருக்கு வருகிறேன். ‘7-ஆம் லயம்’ என்று அட்டையில் எழுதிய நோட்டு அந்த டின்னில் இருந்தால் எடுத்துத் தனியாக வைத்திருங்கள். கடைசிப் பக்கத்தில் என்ன பாக்கி இருக்கிறதோ, அதை எண்ணி வாங்கிக்கொண்டு உங்கள் அம்மா தன் கையால் அடித்துக் கொடுக்க வேண்டும்.

அன்புடன்,
அக்கா